ஸ்டார்ட் ஆகாத மாப்பிள்ளை

உடுமலைக்குத் தெற்கே வேலம்புதூரில், ஒரு வீட்டில் 1931-ஆம் வருடத்து ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வீட்டோடு மாப்பிள்ளையாக இருந்தது. இரண்டே இருக்கை, நீண்ட மூக்கு, கம்பி போட்ட சக்கரங்கள். பூவாத்தாளுக்கு நல்ல இடம் அமைந்துவிட்டது என்று அந்தக் காலத்தில் ஊரே சொன்னது.

கோயம்புத்தூரில் பழைய கார்களைப் புதுப்பிக்கும் பட்டறை வைத்திருந்த பிலோமினாவுக்கு இந்தச் சம்பந்தம் தெரியாது. அவள் பதினெட்டு வருடமாக அதே காரைத் தேடிக்கொண்டிருந்தாள். இங்கிலாந்தில் அந்த மாடலில் ஏழே ஏழுதான் செய்தார்கள். ஆறு ஒவ்வொரு விதமாகப் போய்ச் சேர்ந்துவிட்டன. ஏழாவது கப்பலேறி இந்தியாவுக்கு வந்தது என்பதோடு தகவல் நின்றுவிட்டது. அந்த எஞ்சின் ஓடுகிற சத்தத்தைக் கேட்டவர்கள் யாரும் இப்போது உயிரோடு இல்லை என்றுதான் அவள் நினைத்திருந்தாள். ஒரே ஒரு தடவை அதைக் காதால் கேட்டுவிட வேண்டும் என்பதுதான் பிலோமினாவின் ஆசை. வேறு பெரிய ஆசைகள் அவளுக்கு வாய்க்கவில்லை.

பாஸ்போர்ட் படம் எடுக்க உடுமலையில் ஒரு ஸ்டுடியோவுக்குப் போனபோது, சுவரில் மாட்டியிருந்த கல்யாணப் படங்களில் அதைப் பார்த்தாள். பெண் கூரைப்புடவையில் தலைகுனிந்து நின்றாள். பக்கத்தில் மூக்கில் மாலையும் இரண்டு ஹெட்லைட்டிலும் சந்தனப் பொட்டுமாக ஏழாவது கார் நின்றது.

"மாப்பிள்ளை எந்த ஊருங்க?" என்று கேட்டாள்.

"சீமைங்க. ஆனா இப்ப மாமனார் வீட்டோடதான்" என்றார் ஸ்டுடியோக்காரர்.

மறுநாள் காலை வேலம்புதூருக்குப் போனாள். பூவாத்தாளுக்கு எழுபத்தொரு வயது. கூடத்தில் பிலோமினாவை உட்காரவைத்துக் காபி கொடுத்தாள். மூலையில் நின்ற காரின் முன்னாலும் ஒரு டம்ளரை வைத்தாள். அதன் மேல் வெள்ளை வேட்டி ஒன்று போர்த்தியிருந்தது. சன்னலோரம் நாற்காலியில் ஒரு பெரியவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"அவரு எங்க அக்கா வூட்டுக்காரரு, வெள்ளியங்கிரி. அக்கா போயிச் சேர்ந்துட்டா. இவரு இங்கயே இருந்துட்டாரு" என்றாள் பூவாத்தாள். பிறகு காரைக் காட்டிக் குரலைத் தாழ்த்தினாள். "இவரு தலை தீபாவளிக்கு இங்க வந்து நின்னவருதான் அம்மிணி. அம்பத்திரண்டு வருசமாச்சு. ஒரு வார்த்தை பேசல. என்னை எங்கயும் கூட்டிட்டுப் போனதில்ல."

"நான் சரி பண்ணித் தர்றேங்கம்மா. கோயம்புத்தூருக்கு லாரியில ஏத்திட்டுப் போனா எட்டே மாசம்."

"மாப்பிள்ளைய லாரியில ஏத்தறதா? பாக்கறவிங்க என்ன சொல்லுவாங்க! எதுவானாலும் கூடத்துல வெச்சுப் பண்ணு."

நியாயம்தான் என்று பிலோமினாவுக்கும் பட்டது. கருவிகளை எல்லாம் கூடத்துக்கே கொண்டுவந்து இறக்கினாள். எஞ்சின் மூடியைத் திறக்கும்போதெல்லாம் பூவாத்தாள் மரியாதைக்கு ஒரு போர்வையைத் திரையாகப் பிடித்துக்கொண்டாள். வெள்ளியங்கிரி எழுந்து வாசலுக்குப் போய்விடுவார். பிஸ்டன்கள் இறுகிப்போயிருந்தன, டீசலில் ஊறவைத்துப் பதினோரு நாள் தட்டி எடுத்தாள். உடைந்திருந்த கியர் சக்கரம் ஒன்றைப் பீளமேட்டில் ஒரு வார்ப்படச் சாலையில் புதிதாக வார்த்துக்கொண்டு வந்தாள். இருக்கைக்குள் குடியிருந்த எலிக்குடும்பத்தைப் பூவாத்தாளே சமையலறைக்கு மாற்றிவைத்தாள். அவர்களும் புகுந்த வீட்டு உறவு என்பதால் அவளுக்கு விரட்ட மனம் வரவில்லை. கடைசியில் கரும்பச்சை வர்ணம் அடித்துத் தேய்த்தபோது, அதில் தன் முகத்தைப் பார்த்துவிட்டுப் பூவாத்தாள் உள்ளே போய்த் தலை வாரிக்கொண்டு வந்தாள்.

எட்டாவது மாதம் ஒரு வியாழக்கிழமை காலையில், காரை வாசலுக்குத் தள்ளி நிறுத்தி, பிலோமினா கைப்பிடியைப் போட்டுச் சுற்றினாள். ஸ்டார்ட் ஆகவில்லை. பிளக்கைக் கழற்றிப் பார்த்தாள். தீப்பொறி பளிச்சென்று வந்தது. பெட்ரோல் வந்தது. காற்று வந்தது. எல்லாம் வந்தது, சத்தம் மட்டும் வரவில்லை. மூன்று நாள் சுற்றினாள். உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. நாலாம் நாள் கையைத் துடைத்துவிட்டுப் பூவாத்தாளின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எஞ்சின்ல ஒரு குறையும் இல்லைங்கம்மா. இது மாப்பிள்ளை முறுக்கு. தலை தீபாவளிக்கு என்ன நடந்துச்சு?"

பூவாத்தாள் கொஞ்சம் யோசித்தாள். "அக்காவுக்கும் எனக்கும் ஒரே வருசம் கல்யாணம். ரெண்டு பேருக்கும் அதுதான் தலை தீபாவளி. எங்கப்பா எண்ணெய் வெச்சாரு. முதல்ல பெரிய மாப்பிள்ளைக்கு வெச்சாரு. அப்புறம் இவருக்கு வெச்சாரு. மூடி மேல ரெண்டு சொட்டு."

"மேலயா? உள்ள ஊத்தலையா?"

"அப்பாவுக்கு அது தெரியாதே, கண்ணு."

சன்னலோரம் பேப்பர் தாழ்ந்தது. "நான் மூத்த பொண்ணைக் கட்டினவன். எனக்குத்தான் முதல்ல வெக்கணும்" என்றார் வெள்ளியங்கிரி.

"அவரு பொறந்தது முப்பத்தொண்ணுல. நீங்க?" என்றாள் பிலோமினா.

"நாப்பத்தாறு. வயசைப் பாத்தா முறை என்னாகறது?"

பிலோமினா தணிந்த குரலில் கேட்டுப் பார்த்தாள். மாமனார் இல்லை, வீட்டில் ஆண் என்று இருப்பவர் அவர்தான். ஒரு குவளை எண்ணெயைத் தன் கையால் எஞ்சினுக்குள் ஊற்றி, 'தப்பா எடுத்துக்காதீங்க சகலை' என்று சொன்னால் முடிந்துவிடும். வெள்ளியங்கிரி பேப்பரை நாலாக மடித்தார். "நானும் இந்த வூட்டு மாப்பிள்ளைதானுங்களே. ஒரு மாப்பிள்ளை இன்னொரு மாப்பிள்ளைகிட்ட இறங்கிப் போனதா எங்கயாவது உண்டா?"

எங்கேயும் இல்லைதான். பிலோமினா கருவிகளைப் பெட்டியில் அடுக்கத் தொடங்கினாள். பதினெட்டு வருடமும் எட்டு மாதமும் ஒரு குவளை எண்ணெயில் வந்து நின்றுவிட்டன. கண் கரித்தது. பெட்ரோல் பட்டதால் என்று சொல்லிக்கொண்டாள்.

அப்போது பூவாத்தாள் அறைக்குள் போனாள். வெளியே வந்தபோது நல்ல புடவை கட்டியிருந்தாள், கையில் ஒரு மஞ்சள் பை. நேராகக் காரின் முன்னால் போய் நின்றாள்.

"இத பாருங்க. மாமனார் மரியாதை, சகலை மரியாதைன்னு நீங்க நின்னதெல்லாம் போதும். தினம் ரெண்டு வேளை காபி வெச்சவ நானு. எனக்கென்ன மரியாதை பண்ணினீங்க? நான் இதுவரைக்கும் கடலைப் பாத்ததில்ல. இன்னிக்குக் கன்னியாகுமரிக்குப் போறேன். பத்தரை பஸ்ஸுல." தலைப்பை இழுத்துச் செருகினாள். "யாரும் வர வேண்டாம்."

திரும்பிப் பார்க்காமல் படியிறங்கி நடந்தாள். வேப்பமரத்தைத் தாண்டினாள், பால் சொசைட்டியைத் தாண்டினாள். பஸ் ஸ்டாப் தெரிகிற இடத்தில் அவள் தலை சின்னதாகிவிட்டபோது, கார் ஒரு முறை இருமியது.

பிறகு ஸ்டார்ட் ஆனது.

அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வது? தகரக் கூரையில் மழை இறங்குகிற மாதிரி தொடங்கி, பத்துத் தவில் சேர்ந்து உருட்டுகிற மாதிரி ஏறியது. பிலோமினா ஸ்பானரைக் கையில் பிடித்தபடி வாசலில் உட்கார்ந்துவிட்டாள். வெள்ளியங்கிரி பேப்பரைக் கீழே போட்டார். "சத்தம் கம்பீரமாத்தான் இருக்குது" என்றார். அவரிடமிருந்து அவ்வளவு வந்ததே பெரிது.

கார் மெதுவாகப் போய்ப் பூவாத்தாளுக்குப் பக்கத்தில் உருண்டது. அவள் கண்டுகொள்ளவில்லை. பஸ் வந்து, நின்று, அவள் ஏறாததால் கிளம்பிப் போனது. கார் ஒரு தடவை ஹாரன் அடித்தது, ரொம்பத் தாழ்வாக. பூவாத்தாள் மஞ்சள் பையை இருக்கையில் வைத்தாள். பிறகு தானும் ஏறினாள். அடுத்த கணம் ரோட்டில் புழுதி மட்டும்தான் இருந்தது.

பிலோமினாவும் வெள்ளியங்கிரியும் அந்தப் புழுதி அடங்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் பெட்டியைப் பூட்டினாள்.

"பெரியவரே, அவங்க எப்பத் திரும்பி வருவாங்க?" என்று கேட்டாள்.

வெள்ளியங்கிரி உதட்டில் விரலை வைத்தார். கூடத்துக்குள் ஈரமான கடல் மணல் சிந்திக் கிடந்தது.

"மெதுவாப் பேசுங்கம்மிணி. அவரு ஓடின வேகத்துக்கு நேத்தே வந்துட்டாங்க. உள்ள தூங்கறாங்க."

பிலோமினா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தமில்லாமல் படியிறங்கினாள்.