செங்கல் நிறம்

“எறும்பு வரலையே, தம்பி.”

“எறும்பு எதுக்கு வரணும், ஆத்தா?”

“என்னப்பு இப்படிக் கேக்குற? இனிப்பு நோவுன்னா எறும்பு மொய்க்கும்ல? எங்க ஐயாவுக்கு அப்படித்தான் கண்டுபிடிச்சாக. நேத்து மருமகள லயத்து வீட்டுக்குப் பின்னால எறும்புப் புத்து ஓரமா ஒண்ணுக்கு இருக்கச் சொன்னேன். காலையில போயிக் குத்தவச்சுப் பாத்தேன். ஒரு எறும்பு இல்ல. அம்புட்டும் பக்கத்துல கெடந்த கருவாட்டு முள்ளுலதான் ஏறிக்கெடந்துச்சு.”

“எறும்பு என்ன, ரசாயனமா படிச்சிருக்கு?”

கேட்டது நான்தான். கேட்டுவிட்டு, சோதனைக் குழாயை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தேன். அடியில் செங்கல் பொடி போலச் சிவப்பு படிந்திருந்தது. முந்தைய நாள் அது நீலமாக இருந்த திரவம். ராமுத்தாய் முக்காட்டை விலக்கிக்கொண்டு அதையே பார்த்தாள். எறும்பா கண்ணாடியா என்று அவள் மனம் ஊசலாடியது முகத்தில் தெரிந்தது. நான் குழாயை லேசாக ஆட்டிக் காட்டினேன். கண்ணாடி ஜெயித்தது.

“அப்ப அவ பாலுலயும் சக்கரை இருக்குமா, தம்பி?”

“பால்ல சர்க்கரை இல்லாம இருக்குமா? இருக்கு.”

அவள் எதற்காகக் கேட்கிறாள் என்று நான் யோசிக்கவில்லை. பதில் தெரிந்த கேள்வி வந்துவிட்டால் நான் யோசிப்பதில்லை.

என் பெயர் வீரபாண்டி. பெயரைக் கேட்டுவிட்டு ஆளைப் பார்ப்பவர்கள் கொஞ்சம் ஏமாறுவார்கள். மூணாறுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தின் மருந்துச்சாலையில் நான் கம்பவுண்டர். பெரிய டாக்டர் மாதம் ஒருமுறை குதிரையில் வருவார். மற்ற இருபத்தொன்பது நாளும் வெள்ளை மிக்ஸர், சிவப்பு மிக்ஸர், மலேரியாவுக்கான கொயினா மூன்றையும் வைத்துக்கொண்டு முந்நூறு பேரை நான் காப்பாற்ற வேண்டும். காப்பாற்றும் நேரம் போக மீதி நேரத்தில் நாவல் படிப்பேன். ருஷ்ய நாவல், பிரெஞ்சு நாவல், எதுவானாலும் தமிழில் வந்திருந்தால் மதுரையிலிருந்து தபாலில் வரவழைத்துவிடுவேன். அந்த நாவல்களில் டாக்டர்கள் பனியில் சறுக்குவண்டி ஏறிப் போய், சாகப்போகும் பிரபுகுலப் பெண்ணின் கையைப் பிடித்து நாடி பார்த்து, வெளியே வந்து ஒரு வார்த்தை சொல்வார்கள். வீடே அழும். எங்கள் தோட்டத்திலும் ஜனவரியில் உறைபனி விழும். சறுக்குவண்டி கிடையாது. பிரபுகுலமும் கிடையாது. எனக்குக் கிடைப்பதெல்லாம் அட்டை கடித்த கால்களும் பேதியும்தான்.

அப்படி இருக்கும்போதுதான், முப்பத்தைந்தாம் வருஷம் மே மாதம், பெரிய டாக்டர் ஒரு மரப்பெட்டி அனுப்பினார். உள்ளே நீலத் திரவம் நிறைந்த குப்பி, ஆறு சோதனைக் குழாய், ஒரு இங்கிலீஷ் கைப்புத்தகம். மூத்திரத்தில் சர்க்கரை இருக்கிறதா என்று பார்ப்பதற்கு. நீலத்தில் இருப்பது செம்பு. அதில் எட்டுச் சொட்டு மூத்திரம் விட்டுக் காய்ச்ச வேண்டும். சர்க்கரை இருந்தால் அது செம்போடு சண்டை பிடித்து நீலத்தைப் பச்சையாக்கும், மஞ்சளாக்கும், நிறைய இருந்தால் செங்கல் நிறத்தில் கீழே தள்ளிவிடும். புத்தகத்தில் இது இரண்டு பக்கம். முதல் பக்கத்தைப் படித்ததும் எனக்குக் கை பரபரத்தது.

மறுநாள் வேலுத்தாய் வந்தாள். கொழுந்து எடுப்பவள், பிள்ளை பெற்று நாற்பது நாள் ஆகியிருந்தது. பிரசவத்துக்குப் பின் மறுபடி வேலைக்குப் பேர் கொடுக்கும் பெண்கள் கம்பவுண்டரிடம் வந்து “சரி” வாங்கிப் போக வேண்டும் என்பது தோட்டத்து வழக்கம். வழக்கமாக நான் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுச் “சரி” சொல்லிவிடுவேன். அன்று குப்பியைக் கொடுத்து, “இதுல கொண்டா” என்றேன். அவள் வெட்கப்பட்டுக்கொண்டு கொண்டுவந்தாள். குழாய் மஞ்சளாகி, அடியில் சிவந்தது.

எனக்கு வருத்தம் வந்திருக்க வேண்டும். வந்தது என்னவோ ஒருவிதமான மகிழ்ச்சி. வெளியே வந்து, வாசலில் பிள்ளையோடு நின்ற மாமியார் ராமுத்தாயிடம் மெல்லிய குரலில் சொன்னேன்: “ஆத்தா, மனசத் தேத்திக்கிடுங்க.” இந்த வாக்கியத்தை நான் வெகுநாளாக வைத்திருந்தேன்.

அது திங்கட்கிழமை. எறும்புப் பேச்சு செவ்வாய். வியாழக்கிழமை வேலுத்தாய் தனியாக வந்தாள். முந்தானையை மார்போடு இறுக்கிப் பிடித்திருந்தாள். காய்ச்சல் அடித்தது.

“பால் கட்டிக்கிருச்சுண்ணே. கல்லு மாதிரி இருக்கு. எதாச்சும் களிம்பு குடுங்க.”

“ஏன், பிள்ளை குடிக்கலையா?”

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“நீங்கதான பால்ல சக்கரை இருக்குன்னிய? அத்தை பிள்ளையை வாங்கி வச்சுக்கிட்டாக. நோவு பால் வழியா ஏறிரும்னு மூணு நாளா ஆட்டுப்பால் குடுக்காக. பிள்ளை வயித்தால போகுது. எனக்குச் சோறு இல்ல, கேப்பக் கூழுதான். ஞாயித்துக்கிழமை எங்கண்ணன் போடியில இருந்து வாராரு. என்னையக் கீழ கூட்டிட்டுப் போயிருவாரு.”

“பிள்ளையோடயா?”

“பிள்ளை இங்கனதான் இருக்கும்னு சொல்லிட்டாக.”

அப்போதும் தப்பு என்னுடையது என்று தோன்றவில்லை. நோய் முற்றுகிறதோ என்றுதான் தோன்றியது. மறுபடி ஒரு குப்பி கொடுத்தேன், மறுபடி காய்ச்சினேன். இந்தத் தடவை மஞ்சளில் நிற்கவே இல்லை. நேராகச் செங்கல். மூன்று நாள் கூழ் குடித்தவளுக்குச் சர்க்கரை கூடியிருக்கிறது! அவளைக் களிம்போடு அனுப்பிவிட்டு உட்கார்ந்தேன். மலையேறிப் போகும் தாய், லயத்தில் அழும் பிள்ளை, பனிமூட்டம், தொலைவில் ஒரு கம்பவுண்டரின் நிழல் என்று மனம் தன்பாட்டில் ஓர் அத்தியாயத்தை எழுத ஆரம்பித்தது. மலையிறங்கித்தானே போவாள் என்று திருத்திக்கொண்டேன்.

பிறகு, சீமை மருந்து ஏதாவது சொல்லியிருக்கிறதா என்று கைப்புத்தகத்தின் இரண்டாம் பக்கத்தைத் திறந்தேன். பக்கத்தின் அடியில், எறும்பு அளவு எழுத்தில், ஓர் அடிக்குறிப்பு இருந்தது.

நான் அடிக்குறிப்பு படிக்கிற ஆள் இல்லை. மொழிபெயர்ப்பு நாவல்களில் பக்கத்துக்குப் பக்கம் அடிக்குறிப்பு இருக்கும். இன்ன பாத்திரம் என்றால் தேநீர் கொதிக்க வைப்பது, இன்ன காசு என்றால் இத்தனை அணா என்று மொழிபெயர்த்தவர் இரக்கப்பட்டு எழுதியிருப்பார். கதாநாயகி ரயிலடியில் நிற்கும்போது அதையெல்லாம் யார் படிப்பார்கள்? தாண்டித் தாண்டிப் போய் எனக்கு அதுவே பழக்கமாகிவிட்டது. ஏழு வருஷமாக உலகத்துப் பாத்திரங்கள் எதுவும் எனக்குச் சரியாகத் தெரியாது.

இந்த அடிக்குறிப்பு சொன்னது இதுதான்: கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார் ஆகியோரின் மூத்திரத்தில் பால் சர்க்கரை இறங்குவது உண்டு. அது நோயல்ல. பால் கட்டிக்கொண்டால் இன்னும் கூடும். நீலத் திரவத்துக்கு இந்தச் சர்க்கரைக்கும் அந்தச் சர்க்கரைக்கும் பேதம் தெரியாது. ஆகையால் ஈஸ்ட் கொண்டு சோதிக்காமல் நோய் என்று முடிவு கட்டலாகாது.

நான் நான்கு தடவை படித்தேன். நாலாவது தடவையும் அப்படியேதான் இருந்தது. நானே பிள்ளையைப் பிரித்தேன், பால் கட்டியது, சர்க்கரை கூடியது, கூடியதைப் பார்த்து நோய் முற்றியது என்று நினைத்தேன். எறும்புக்கு இது முதல் நாளே தெரிந்திருந்தது. பால் சர்க்கரை அவ்வளவு தித்திப்பாக இருக்காதாம்.

நோயாளிச் சர்க்கரை ஒற்றை ஆள். பால் சர்க்கரை இரண்டு சிறிய சர்க்கரைகள் கைகோத்து நிற்கும் ஒரு மூலக்கூறு. ரொட்டி புளிக்க வைக்கும் ஈஸ்ட் முதலாவதைக் கண்டால் விழுங்கிவிட்டு நுரை விடும். இரண்டாவதன் கையைப் பிரிக்க அதற்குத் தெரியாது. நம்பிக்கையோடு சுற்றிச் சுற்றி வந்துவிட்டுப் பட்டினி கிடக்கும்.

ஈஸ்ட் இருந்த ஒரே இடம் துரை பங்களாவின் சமையலறை. அங்கே பட்லர் அப்புசாமி இருந்தார். பாலக்காட்டுக்குக் கிழக்கே கோவிந்தாபுரத்துக்காரர். துரைக்கு ரொட்டி சுடுவதற்காக ஒரு ஜாடியில் புளித்த ஈஸ்டைக் குழந்தை மாதிரி வளர்த்துவந்தார். சனிக்கிழமை விடியவும் போய் நின்றேன்.

“ஏனுங்க கம்பவுண்டரே, ரொட்டி வேணுமுங்களா?”

“ஈஸ்ட் ஒரு கரண்டி வேணும். அப்புறம் அடுப்போரமா இந்த ரெண்டு குழாயையும் சாயங்காலம் வரைக்கும் வச்சுக்கிடணும். கதகதப்பா இருக்கணும்.”

“உள்ளார என்னங்க அது?”

சொன்னேன்.

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். “எம்பட அடுப்படியிலீங்களா? தொர குடிக்கிற சூப்புக்குப் பக்கத்துலீங்களா?”

“ஒண்ணு வேலுத்தாயோடது. இன்னொண்ணு என்னோடது. என்னோடதுல குளுக்கோஸ் பொடி கலந்திருக்கேன், ஒத்துப் பாக்கிறதுக்கு.”

“உங்களுதுமா!” என்றார் அப்புசாமி, அதுதான் பெரிய அநியாயம் என்பது போல.

பிள்ளையின் கதையைச் சொன்னேன். அப்புசாமி கீழே வைத்த கரண்டியை மறுபடி கையில் பிடித்தார். பிறகு ஈஸ்டை எடுத்துத் தந்தார். குழாய்களைப் பழைய துணியில் சுற்றி, சூப்புச் சட்டியிலிருந்து எட்டி வைத்தார். “தொர கேட்டாருன்னா மூலிகைன்னு சொல்லிப்போடுவனுங்க” என்றார்.

மத்தியானத்துக்குள் என் குழாய் பொங்கியது. நுரை வாய்க்கு வந்து துணியை நனைத்தது. வேலுத்தாயின் குழாய் அசையவில்லை. அப்புசாமி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

“நோவு உங்களுக்குத்தானுங்களாட்ட இருக்குது.”

“பொடி கலந்திருக்கேன்னு சொன்னேனே!”

“சரிங்க, சரிங்க. எதுக்கும் சூதானமா இருங்கோ.”

சாயங்காலம் இரண்டையும் நீலத்தில் காய்ச்சினேன். என்னுடையது நீலமாகவே நின்றது, குளுக்கோஸ் முழுவதையும் ஈஸ்ட் தின்றுவிட்டது. வேலுத்தாயுடையது செங்கல் நிறம். ஆக அது பால் சர்க்கரை. அவளுக்கு நோய் இல்லை. நான் சமையலறையில் ஒரு தடவை குதித்தேன்.

குதித்து முடிந்த பிறகுதான் ஒரு சங்கடம் புரிந்தது. திங்கட்கிழமை செங்கல் நிறத்தைக் காட்டி “நோய்” என்றேன். இப்போது அதே செங்கல் நிறத்தைக் காட்டி “நோய் இல்லை” என்று சொல்ல வேண்டும்.

ஞாயிறு காலை லயத்துக்குப் போனேன். வழியெல்லாம் பேச்சைத் தயார் செய்தேன். அதில் “உண்மை” என்ற சொல் ஐந்து இடத்தில் வந்தது. லயத்து முற்றத்தில் வேலுத்தாயின் அண்ணன் கருத்தப்பாண்டி மூட்டையைக் கட்டி முடித்து, கட்டிய முடிச்சையே மறுபடி இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். புருஷன் மொக்கையன் சுவரைப் பார்த்து நின்றான். வேலுத்தாய் செருப்பில்லாத காலோடு படியில் இருந்தாள். ராமுத்தாய் மடியில் பிள்ளை. அழுது அழுது குரல் கம்மிப்போய்ப் பூனைக்குட்டி மாதிரி ஒலி எழுப்பியது.

தயார் செய்த பேச்சில் ஒரு சொல்கூட நினைவு வரவில்லை.

“ஆத்தா, நான் தப்பாச் சொல்லிட்டேன்” என்றேன்.

பக்கத்து வீடுகளிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.

“இவளுக்கு நோவு இல்ல. அது பால் சர்க்கரை. பிள்ளை பெத்தவ எல்லாருக்கும் வரலாம். நீங்க பெத்தப்ப உங்களுக்கும் வந்திருக்கும். நான் புஸ்தகத்தை முழுசாப் படிக்காமச் சொல்லிட்டேன்.”

“அந்தக் குழாயில இப்ப நீலமா இருக்கா?” என்றாள் ராமுத்தாய்.

“இல்ல ஆத்தா. செவப்புத்தான்.”

“அன்னைக்கும் செவப்பு. இன்னைக்கும் செவப்பு. அன்னைக்கு நோவுன்ன. இன்னைக்கு இல்லேங்குற.”

“ஈஸ்ட்டு வச்சுப் பாத்தேன். பட்லர்கிட்டக் கேளுங்க. என்னோடது பொங்குச்சு, இவளோடது பொங்கல.”

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். “கம்பவுண்டருக்குப் பொங்குச்சாம்ல!” என்றது ஒரு குரல். நான் மேலும் விளக்கினேன். இரண்டு சர்க்கரை கைகோத்து நிற்பதை என் இரண்டு கையையும் கோத்துக் காட்டினேன். அந்தத் தோற்றம் எப்படி இருந்திருக்கும் என்பதை இப்போதும் நினைக்காமல் இருக்கவே பார்க்கிறேன். கருத்தப்பாண்டி மூட்டையைத் தூக்கித் தோளில் வைத்தார். பிறகு கீழே இறக்கினார்.

“யாரு சொன்னத நம்புறது, தம்பி? திங்கக்கெழம வந்த ஒன்னையவா, ஞாயித்துக்கெழம வந்த ஒன்னையவா?” ராமுத்தாயின் குரலில் கோபம் இல்லை. நிஜமாகவே கேட்டாள். அவள் மடியில் பிள்ளை வாயைத் திறந்து அவள் சேலையில் எதையோ தேடியது. “எம் பேரன் போயிட்டான்னா நீ வந்து ஈஸ்ட்டு வப்பியா?”

நாவல்களில் இந்த இடத்தில் டாக்டர் தொப்பியைக் கழற்றுவார். எனக்குத் தொப்பி இல்லை. “கழுத்தப் பிடிச்சுத் தள்ளுங்க ஆத்தா, டாக்டர்கிட்ட எழுதிப் போடுங்க, வேலையைவிட்டு அனுப்பச் சொல்லுங்க” என்றேன். “ஆனா ஆட்டுப்பாலை நிறுத்துங்க. அதுலயும் இதே சர்க்கரைதான் இருக்கு. எந்தப் பால்ல இல்ல?”

ராமுத்தாய் மொக்கையனைப் பார்த்தாள். மொக்கையன் சுவரைவிட்டுத் திரும்பி என்னைப் பார்த்தான்.

வேலுத்தாய் படியிலிருந்து எழுந்தாள். மார்பில் சேலை இரண்டு வட்டமாக நனைந்திருந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை, அண்ணனையும் பார்க்கவில்லை. மாமியாருக்கு முன்னால் போய்க் குனிந்து இரண்டு கையையும் நீட்டினாள்.

“அத்தை, பிள்ளையைக் குடுங்க.”