எட்டு நிமிடப் படமும் ஒரு பொன்னாடையும்

மலேசியாவுக்கு வந்த இந்த ஆறு வருஷத்தில் சதீஷ்குமாரின் ரத்த அழுத்தத்தை ஏற்றிய சொல் ஒன்று உண்டென்றால் அது 'லா'தான். "பரவால்ல லா சார்." "பாத்துக்கலாம் லா சார்." "வந்துரும் லா சார்." எது வரும், எப்போது வரும் என்று கேட்டால் அதற்கும் ஒரு லா. சென்னை ஒலிப்பதிவுக்கூடங்களில் பதினாலு வருஷம் கீபோர்டு வாசித்தவர் அவர். அங்கே அரை செகண்ட் பிந்தினால் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து ஏச்சு விழும். அப்படிப் பழகிய மனிதரைக் கொண்டுவந்து, சுபாங் ஜெயாவில் ஒரு தனியார் கல்லூரியில், படத்துக்கு இசையமைக்கச் சொல்லிக்கொடுங்கள் என்று இருபது பிள்ளைகளுக்கு நடுவில் விட்டால் என்ன ஆகும்? தொண்டை போகும். போனது.

பிள்ளைகள் கெட்ட பிள்ளைகள் இல்லை. ஆனால் படத்தில் ஒருத்தி தண்ணீர் குடித்தாலும் அடியில் வயலின் ஓட வேண்டும் அவர்களுக்கு. சோகம் என்றால் புல்லாங்குழல். கோபம் என்றால் உறுமி. ஒரு காட்சியையாவது சும்மா விடுங்களேன் என்று கெஞ்சினால், "சும்மா விட்டா மார்க் கொறையும்தானே சார்?" என்று கேட்பார்கள். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்வார்.

அந்தக் கூட்டத்தில் தஸ்லீமாவுக்கு மட்டும் காது இருந்தது. கிள்ளானில் துணிக்கடை வைத்திருக்கும் ஷாஹுல் ஹமீதின் மூத்த மகள். அதிகம் பேச மாட்டாள். சொன்னதை இரண்டாம் முறை கேட்கவும் மாட்டாள். திரைப்படத் துறைப் பிள்ளைகள் எடுத்த எட்டு நிமிடப் படம் ஒன்றுக்கு அவள் இசை எழுதியிருந்தாள். மேருவில் கையுறைத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் ஒருத்தி ஷிப்டுக்கு நேரமாகிவிட்டதென்று ஓடுகிறாள், அவ்வளவுதான் கதை. வசனம் கிடையாது. சரியாக ஏழாவது நிமிடத்தில் அவள் மூஞ்சிக்கு நேரே தொழிற்சாலைக் கேட் மூடுகிறது. மூடும் அந்தக் கணத்தில் ஏழு வாத்தியங்களும் ஒன்றாக நிற்க வேண்டும், பிறகு செல்லோவின் ஒற்றைக் கம்பி மட்டும் பேச வேண்டும். அந்த இடத்தை முதன்முறை கேட்டபோது சதீஷ்குமாருக்குத் திட்ட ஒன்றும் அகப்படவில்லை. அதுவே அவருக்குப் புதிய அனுபவம்.

இந்த இசையை நம்பித்தான் ஒரு பெரிய காரியம் இருந்தது. ஐரோப்பாவில் ஓர் இசைக் கல்லூரி, முழுச் செலவையும் ஏற்றுக்கொண்டு ஒரே ஒருவருக்கு இடம் தருவதாக அறிவித்திருந்தது. தஸ்லீமா கடைசிச் சுற்றுவரை போய்விட்டாள். இனி அவர்கள் கேட்டது ஒரு வீடியோ. பார்வையாளர்களுக்கு முன்னால், திரையில் படம் ஓட ஓட, அவள் குழுவை நேரில் நடத்திக் காட்ட வேண்டும். ஆரம்பத்திலிருந்து முடிவுவரை ஒரே டேக். நடுவே வெட்டும் ஆகாது, நிறுத்தமும் ஆகாது. ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்குள் போய்ச் சேர வேண்டும்.

கடைசி நாள்வரை ஏன் இழுத்தடித்தார்கள் என்று கேட்கிறீர்களா? படத்தை எடுத்த பிள்ளைகள் 'ஃபைனல்' என்று ஒன்றைக் கொடுத்தார்கள். பிறகு 'ஃபைனல் ஃபைனல்'. அதற்கும் பிறகு 'கன்ஃபர்ம் ஃபைனல்'. ஒவ்வொரு தடவையும் கேட் வேறு இடத்தில் மூடியது, தஸ்லீமா ஒவ்வொரு தடவையும் உட்கார்ந்து திருத்தி எழுதினாள். எல்லாம் முடிந்தபோது கல்லூரி அரங்கத்தின் கூரை ஒழுக ஆரம்பித்தது. காதில் மாட்ட எட்டு இயர்ஃபோன் கேட்டதற்கு ஒன்று வந்தது. படத்தோடு ஒட்டி ஓடும் டிக் டிக் தாளம் அந்த ஒன்றில்தான் கேட்கும். ஆகவே அது தஸ்லீமாவின் காதுக்குப் போனது. மற்ற ஏழு பேரும் அவள் கையைப் பார்த்து வாசிக்க வேண்டியதுதான்.

மண்டபத்துக்கு அலைந்தபோதுதான், அரசாங்கம் கொடுத்த 'டத்தோ' பட்டத்தோடு பழனியப்பன் கிடைத்தார். கல்யாண வீடென்றால் மாப்பிள்ளையாகவும் சாவு வீடென்றால் பிணமாகவும் இருக்க ஆசைப்படுகிற மனிதர்கள் எல்லா ஊரிலும் உண்டு. பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு சங்கமும் அதன் மாடி மண்டபமும் அப்படி ஒருவர் கையில் இருந்தன. அவர் நல்ல மனிதர் வேறு, அதுதான் சிக்கல். மண்டபம் சும்மா என்றார். மீஹூன், வடை, தேத்தண்ணி எல்லாம் சங்கத்துச் செலவு என்றார். ஐந்து மணிக்கு மட்டும் காலி செய்துவிட வேண்டும், நடன வகுப்பு இருக்கிறது என்றார்.

"டத்தோ, ஒரே ஒரு ரிக்வெஸ்ட்," என்றார் சதீஷ்குமார். "படம் ஓடுற எட்டு நிமிஷம் மேடைக்கு யாரும் வரக் கூடாது."

"என்ன தம்பி, எனக்குத் தெரியாதா? முன்னாடி நான் அஞ்சு நிமிஷம் பேசுறேன். பின்னாடி பிள்ளைக்கு ஒரு பொன்னாடை. முடிஞ்சது லா."

பொன்னாடைக்கு ஷாஹுல் ஹமீதின் கடையிலேயே சொல்லியனுப்பினார். மகள் நிகழ்ச்சியாயிற்றே என்று அவரும் நல்ல ஜரிகையாகப் பொறுக்கி எடுத்துக்கொண்டு, மடிப்புக் கலையாமல் மடியில் வைத்தபடி கிள்ளானிலிருந்து வந்து சேர்ந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு மண்டபம் நிறைந்தது. மூன்று பத்துக்கு டத்தோ மைக்கைப் பிடித்தார். மொழியைப் பற்றிப் பேசினார், பண்பாட்டைப் பற்றிப் பேசினார், வெளியே சாலையில் அடைத்துக்கொண்ட சாக்கடையைப் பற்றிப் பேசினார், தான் சின்ன வயதில் புல்லாங்குழல் கற்க நினைத்ததையும் அது நடக்காமல் போனதையும் விவரமாகச் சொன்னார். மண்டபத்தின் பின்கோடியில், லேப்டாப் மேசைக்குப் பின்னால், சதீஷ்குமார் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து வெந்துகொண்டிருந்தார். அந்த ஐந்து நிமிஷம் நாற்பத்து மூன்று நிமிஷம் ஓடியது.

மூன்று ஐம்பத்தைந்துக்கு மேடை விளக்கு ஒன்றை மட்டும் விட்டு மற்றதை அணைத்தார்கள். தஸ்லீமா பார்வையாளர்களுக்கு முதுகு காட்டி, வாத்தியக்காரர்களைப் பார்த்து நின்றாள். சதீஷ்குமார் லேப்டாப்பில் ஒரு பொத்தானை அழுத்தினார். படமும் அவள் காதுக்குள் தாளமும் சேர்ந்து ஓடத் தொடங்கின.

நன்றாக இருந்தது. எழுதியதைவிட நன்றாக இருந்தது. சாலாக் செலாத்தானிலிருந்து எல்லா ஒத்திகைக்கும் தாமதமாகவே வந்த யுகேந்திரன்கூட அன்றைக்குச் செல்லோவைச் சுருதி பிசகாமல் இழுத்தான். படத்தில் அந்தப் பெண் ஓடினாள், இசை அவளைத் துரத்தியது. மூன்று நிமிடம், நான்கு, ஐந்து. இந்த மாதத்தில் முதல் முறையாகச் சதீஷ்குமாரின் தோள் கொஞ்சம் தளர்ந்தது.

ஆறாவது நிமிடத்தில் முன்வரிசையில் டத்தோ எழுந்தார்.

அவருக்குக் கிள்ளானில் ஐந்து மணிக்கு ஒரு கல்யாணம். வழியில் ஜாம். பேச்சு நீண்டுபோனதில் பொன்னாடைக்கு நேரமில்லாமல் போய்க்கொண்டிருந்தது, கௌரவம் செய்யாமல் போவதும் மரியாதை இல்லை. பெண் பிள்ளை, அதுவும் முஸ்லிம் பிள்ளை, தான் போர்த்தினால் நன்றாயிருக்காது என்று மனைவி சீதாலெட்சுமியையும் கையைப் பிடித்து எழுப்பினார். அந்த நாசூக்கு அவரிடம் இருந்தது. படம் ஓடுகிறதே என்கிற நினைப்புத்தான் இல்லை.

பின்னால் இருந்து கத்தினால் ஒலிப்பதிவில் விழும். சதீஷ்குமார் இரண்டு கையையும் ஆட்டினார். இருட்டில் யார் பார்ப்பது? டத்தோ ஏறினார், அவர் மனைவி டத்தின் ஏறினார், சங்கத்துப் போட்டோக்காரர் ஏறி வயலின்காரனுக்கும் செல்லோவுக்கும் நடுவில் போய் நின்றார். சீதாலெட்சுமி அம்மா பொன்னாடையை விரித்துத் தஸ்லீமாவின் தோளில் போர்த்தி, முன்பக்கம் இழுத்துச் சேர்த்து, அன்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டார். பளிச். "இன்னொன்னு, டத்தோ கொஞ்சம் கிட்ட." பளிச்.

சதீஷ்குமாருக்குத் தெரிந்தது மூன்று முதுகுகள். ஒரு பாத்தேக் சட்டை, ஒரு பட்டுப் புடவை, நடுவில் ஜரிகை. அவள் கை எங்கே? கை இல்லை. காதிலிருந்து இயர்ஃபோனும் விழுந்திருக்கும். இசை இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. ஆனால் இப்போது சரியும், இதோ சரியும் என்று அவர் மனசு முடிவு கட்டிவிட்டது. கோபம் தலைக்கு ஏறியது. நிறுத்து, இவர்களைக் கீழே இறக்கு, முதலிலிருந்து ஆரம்பி. பொத்தானைக் குத்துவது போல அழுத்தினார்.

திரை கறுத்தது. இசை நான்கு பக்கமும் சிதறி நின்றது. முடிந்துவிட்டது போலிருக்கிறது என்று மண்டபம் கைதட்டியது.

"அருமை, அருமை!" டத்தோ மைக்கை எடுத்துவிட்டார். "கீழ சாப்பாடு ரெடி. யாரும் சாப்பிடாமப் போகக் கூடாது."

ஒலிபெருக்கியில் சாப்பாடு என்று சொன்ன பிறகு கூட்டத்தைப் பிடித்து வைக்க யாரால் முடியும்? இரண்டு நிமிடத்தில் மண்டபம் காலி. "சூப்பர் லா தம்பி," என்று சதீஷ்குமாரின் தோளைத் தட்டிவிட்டு டத்தோ மனைவியோடு படியிறங்கிப் போனார்.

சதீஷ்குமார் மேடைக்கு ஓடினார். தஸ்லீமா பொன்னாடையோடு அப்படியே நின்றுகொண்டிருந்தாள்.

"நீ கவலப்படாதம்மா. இந்த ஆளச் சும்மா விட மாட்டேன். அத்தன தடவ சொன்னேன்..."

"ஏன் சார் நிப்பாட்டுனீங்க?"

அவருக்குப் புரியவில்லை. "என்னம்மா?"

"நாங்க நிக்கலயே சார்."

யுகேந்திரன்தான் விளக்கினான். "கை போனதும் கால்ல தாளம் போட ஆரம்பிச்சிட்டா சார். நான் அவ ஷூவப் பாத்து வாசிச்சேன். மத்தவங்க என் வில்லப் பாத்தாங்க. கரெக்டாத்தான் போய்க்கிட்டு இருந்துச்சு."

"இயர்ஃபோன் விழுந்திருக்குமே?"

"முக்காட்டுக்குள்ள மாட்டிருந்தேன் சார்," என்றாள் தஸ்லீமா. "விழல."

மேடையின் ஓரத்தில் கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்த முதலாமாண்டுப் பெண் ஹுமைரா பதிவை ஓட்டிக் காட்டினாள். சதீஷ்குமார் குனிந்து பார்த்தார். பக்கவாட்டில் எல்லாம் தெரிந்தது. பொன்னாடை விழுகிறது. கைகள் மறைகின்றன. பாவாடை விளிம்புக்குக் கீழே கறுப்பு ஷூவின் நுனி, ஒன்று இரண்டு மூன்று நான்கு, ஒரு தட்டும் பிசகாமல். முகவாய் லேசாக அசைந்து வயலினை உள்ளே கூப்பிடுகிறது. ஆறு நிமிடம் ஐம்பத்தொரு செகண்டில் பின்னால் திரை கறுத்தது. கேட் மூட இன்னும் ஒன்பது செகண்ட்தான் இருந்திருக்கிறது.

வெண்ணெய் திரண்டு வரும் நேரத்தில் தாழியை உடைத்தது டத்தோ இல்லை. ஆறு வருஷமாக யார் தலையிலாவது இறக்கி வைத்துக்கொண்டிருந்த கோபத்தை இப்போது எங்கே இறக்குவது என்று சதீஷ்குமாருக்குத் தெரியவில்லை. "மன்னிச்சிரும்மா," என்றார். சொல்லும்போதே அது எவ்வளவு சின்ன வார்த்தை என்று உறைத்தது.

மணி நாலு இருபது. அவர் கீழே ஓடி, தட்டும் கையுமாக நின்றவர்களிடம் கையெடுத்துக் கும்பிட்டார். எட்டு நிமிஷம் மேலே வந்து உட்காருங்கள், ஒரு பிள்ளையின் படிப்பு இதில் இருக்கிறது என்று கெஞ்சினார். "சாப்பிட்டு வரோம் லா சார்," என்றார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை; வடை சூடாக இருந்தது.

நடந்ததை யாரோ சொல்லி ஷாஹுல் ஹமீதுக்குத் தெரிந்திருந்தது. முகம் வெளுத்துப்போய் நின்றவர், சட்டென்று ஒரு நாற்காலியில் ஏறிக் கடைவாசலில் ஆள் கூப்பிடுகிற குரலை எடுத்தார். "வாங்க வாங்க! தட்டோட மேல வாங்க! எட்டே நிமிஷம், ஏசி இருக்கு, உக்காந்து சாப்பிடலாம்! அக்கா வாங்க! அண்ணே, தேத்தண்ணியும் எடுத்துக்குங்க!" சிரித்துக்கொண்டே கொஞ்சம் பேர் ஏறினார்கள். அவர்களைப் பார்த்து இன்னும் கொஞ்சம் பேர். நாற்பது தலை சேர்ந்தது.

சதீஷ்குமார் வேர்க்க வேர்க்க லேப்டாப் மேசைக்குத் திரும்பினார். தஸ்லீமா மேடையிலிருந்து இறங்கி அங்கே வந்து நின்றாள்.

"சார்."

"சொல்லும்மா."

"லேப்டாப்ப ஹுமைரா பாத்துக்கட்டும் சார். கேமரா ஸ்டாண்டுல நிக்கும். நீங்க முன்னாடி உக்காருங்க."

"அவ ஃபர்ஸ்ட் இயர்ம்மா. அவளுக்கு என்ன தெரியும்?"

"ஸ்டார்ட் மட்டும் அழுத்துனா போதும் சார்," என்றாள் தஸ்லீமா. குரலில் கோபம் இல்லை, மரியாதைக்கும் குறைவில்லை. "அப்புறம் அவ தொட மாட்டா."

அறைந்திருந்தால்கூட அவர் தாங்கியிருப்பார். எழுந்து ஹுமைராவுக்கு நாற்காலியை விட்டுக் கொடுத்தார். முன்வரிசையில் ஷாஹுல் ஹமீதுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"நான் குடுத்த துணிதான் சார்," என்றார் ஷாஹுல் ஹமீது மெதுவாக. "தெரிஞ்சிருந்தா கொண்டாந்திருக்க மாட்டேன்."

படம் ஓடியது. பின்னால் கரண்டிச் சத்தம். ஒரு குழந்தை வடை கேட்டு அழுது, கிடைத்ததும் நிறுத்தியது. இதெல்லாம் பதிவில் விழும், விழட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டார். ஆறரை நிமிடம் தாண்டியதும் யாரோ ஒருவரின் கைப்பேசி உரக்கப் பாடியது. அந்த மகானுபாவர் அதை அணைக்கவில்லை, எடுத்தே விட்டார். "ஆங், மண்டபத்துலதான் இருக்கேன். படம் போட்டிருக்காங்க."

சதீஷ்குமார் பாதி எழுந்துவிட்டார்.

ஷாஹுல் ஹமீது அவர் மணிக்கட்டைப் பிடித்தார். துணி கிழித்துப் பழகிய கை. பிடி பலமாக இருந்தது. "உக்காருங்க சார். பிள்ள பாத்துக்கும்."

உட்கார்ந்தார். தஸ்லீமா அந்தக் குரலுக்குத் திரும்பவே இல்லை. அவள் கை மேலே போனது, கீழே வந்தது. திரையில் கேட் மூடியது. ஏழு வாத்தியமும் அந்தக் கணத்திலேயே நின்றன, செல்லோ மட்டும் ஒற்றைக் கம்பியில் தனியாக எழுந்தது. கைப்பேசிக்காரர் பின்னால் இன்னும் பேசிக்கொண்டுதான் இருந்தார்.

சதீஷ்குமாருக்குச் சந்தோஷமாக இருந்தது. அதைவிட அதிகமாக வெட்கமாக இருந்தது. கடைசி ஒலி அடங்கி, விளக்கு எரிந்து, ஜனங்கள் தட்டைக் கீழே வைத்துக் கைதட்டத் தொடங்கிய பிறகுதான் ஷாஹுல் ஹமீது அவர் கையை விட்டார்.