வஜாவுக்கு நின்ற வயல்

செத்த பயிருக்குக் காவல் இருந்த மனுஷனை நீங்கள் பார்த்திருக்கமாட்டீர்கள். எலப்புள்ளிச் சென்னிமலை இருந்தான், முழுசாகப் பதினெட்டு நாள். பயிர் உயிரோடு இருந்த காலத்தில்கூட அவன் இத்தனை கவலையோடு வரப்பில் உட்கார்ந்ததில்லை.

அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. கதிர் வெளியே வந்ததோடு சரி, பால் பிடிக்கவில்லை. அத்தனையும் பதராய்ப் போன சாவி. விளையாத வயலுக்குத் தீர்வையைத் தள்ளிக்கொடுக்க சர்க்காருக்கு மனசு உண்டு. அதற்கு வஜா என்று பேர். ஆனால் ரெவினியூ இன்ஸ்பெக்டர் வந்து கண்ணால் பார்க்கிறவரை பயிர் வயலிலேயே நிற்கவேண்டும். ஒரு மூலையில் அரிவாள் பட்டாலும் அறுவடைதான். விளையாமலா அறுத்தாய் என்று கேட்பார்கள். இந்த நியாயத்தைக் கண்டுபிடித்த புண்ணியவான் வீட்டில் மாடு கட்டியவனாக இருக்கமாட்டான்.

சென்னிமலைக்கு இருந்தது ஒன்றரை ஏக்கரும் செவலை என்கிற ஒற்றை எருதும். பக்கத்துக்காட்டு மாட்டோடு ஜோடி சேர்த்துத்தான் உழவு. அதுவும் போனால் அடுத்த வருஷம் ஏர் இல்லை. வைக்கோல் தீர்ந்து, பனையோலையும் ஆலந்தழையும் போட்டுப் பார்த்தாயிற்று. இன்ஸ்பெக்டர் திங்கட்கிழமை வருவார் என்றார்கள், அப்புறம் வெள்ளிக்கிழமை என்றார்கள், அப்புறம் ஒன்றும் சொல்லவில்லை.

பத்தொன்பதாம் நாள் காலை செவலை எழுந்திருக்கவில்லை.

"ஏனுங்க, ரெண்டு கை அறுத்துப் போட்டா என்னுங்க?" என்றாள் அவன் மனைவி ராமுத்தாய். "கண்ணுக்கு எதுக்காலயே தீனி நிக்குது. வாயில்லாச் சீவன் அதையப் பாத்துட்டே சாகுது."

"ஒம்பது ரூவா தீருவை. வஜா போச்சுன்னா எங்க போயிப் பொறட்டறது?"

மத்தியானம் இன்ஸ்பெக்டர் வண்டி வந்தே விட்டது. வந்தது நேராகப் பெரிய பண்ணைக்காரர் பொங்கியண்ணன் வீட்டுக்கு. ஊர்க் கணக்கு எழுதும் மேனோன் மட்டும் வரப்பேறி வந்தார்.

"எஜமான் ஊணு கழிச்சுப் படுத்தாச்சு. உன் கண்டம் பார்க்கறது நாளைக்காக்கும்."

நாளைவரை செவலை தாங்காது. அதன் வயிறு ஏறி இறங்குவதைச் சென்னிமலை கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு அரிவாளை எடுத்துக்கொண்டு வயலில் இறங்கினான்.

முதல் கட்டைச் செவலை படுத்தபடியே மென்றது. மூன்றாவது கட்டு போட்டபோது முன்னங்காலை ஊன்றி, தள்ளாடி, எழுந்தே விட்டது. ராமுத்தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சென்னிமலைக்கும் சந்தோஷம் தாங்கவில்லை.

வெயில் தாழ்ந்ததும் இன்ஸ்பெக்டர் குடையோடு வந்து நின்றார். காலையில் பாலக்காடு போகவேண்டியிருந்ததால் இன்றைக்கே முடித்துவிடுகிறாராம். கெட்ட மனுஷர் என்று சொல்லமுடியாது. ஒரு கதிரை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தார். வெறும் உமி. "அடப் பாவமே" என்றார். அப்புறம்தான் மொட்டையாய்க் கிடந்த மூலையைப் பார்த்தார்.

"அறுத்திருக்கே?"

"மாட்டுக்குங்க சாமி. நாலு கைதானுங்க."

"நம்பறேன்ப்பா. ஆனா அறுக்காத வயல்னு எப்படி எழுதறது?"

அறுவடையாயிற்று என்று எழுதிக்கொண்டு போனார். சென்னிமலை வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டான். இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்திருக்கலாமே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

மேனோன் உடனே போகவில்லை. பக்கத்தில் வந்து நின்றார். அவருக்கு நிஜமாகவே வருத்தம்.

"போட்டும் விடு, சென்னிமலை. இனிப் பாக்கியையும் அறுத்து, மாட்டுக்கு நல்லாப் போடு. தீர்வைக் கிஸ்து கட்ட இன்னும் ஒரு மாசம் உண்டல்லோ? எழுந்து நிக்கிற மாடாக்கும், சந்தையில ஒம்பது ரூபாய்க்குக் கொறையாது."

சென்னிமலை எழுந்தான். அரிவாளோடு மறுபடி வயலில் இறங்கினான். கட்டுத்தறியில் செவலை அவனைப் பார்த்து, இன்னும் வேண்டும் என்று கத்திற்று.