நல்லவாட்டில் முக்கால் மணி நேரம்

கப்பல் புதன்கிழமை வருகிறது என்று ஜோஸ்வா போனில் சொன்னதிலிருந்து கிரேசுக்கு வேறு நினைப்பு ஓடவில்லை. கொச்சிக்கோ பம்பாய்க்கோ இல்லை, புதுச்சேரிக்கு. காசுள்ளவர்கள் கடலைச் சுற்றிப் பார்க்கும் சொகுசுக் கப்பல் அது. அதன் அடித்தட்டில் துணி வெளுக்கிற இடத்தில் மகனுக்கு வேலை. காலையில் கரைக்கு அப்பால் நங்கூரம் போட்டால் மாலை நாலரைக்குக் கிளம்பிவிடும். வேலையாட்களும் சில மணி நேரம் இறங்கிப் போய் வரலாம்.

அவன் ஒப்பந்தம் முடிய இன்னும் நாலு மாதம் கிடந்தது. அவன் அப்பா பிலிப்புக்கு டாக்டர் சொன்ன கெடு ஒரு மாதம். அதையும் போன மாதமே சொல்லிவிட்டார். இருபத்தாறு வருடம் கிரஷரில் ஜல்லி அள்ளியவன் நுரையீரலில் கல்மாவு படிந்து இறுகிவிட்டது. மூக்கில் குழாய், கட்டிலுக்குப் பக்கத்தில் இடுப்புயர ஆக்சிஜன் சிலிண்டர். பங்குச் சாமியார் சொல்லி வாங்கிக் கொடுத்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் மகள் பிரின்சி போனில் வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அவன் இங்க வந்துட்டுப் போவட்டும்டி" என்றாள் கிரேஸ்.

"அண்ணன் கரையில கால் வைக்கவே பதினோரு மணி ஆவும். மூணு மணிக்குத் திரும்ப போட்ல இருக்கணும். இங்க வர்றதுக்கே மூணு மணி நேரம். இன்னா பண்ணுவான், உளுந்தூர்பேட்டையில நின்னு கையாட்டிட்டுப் போவானா?"

"அப்ப நாமதான் போவணும்."

கட்டிலில் கிடந்த பிலிப்பு கண்ணைத் திறந்தான். மூச்சை அவன் பேச்சுக்குச் செலவழித்து நாளாகிவிட்டது.

புதுச்சேரி ஊருக்குள் போனால் வண்டியை நிறுத்த இடமிருக்காது, கூட்டம் நெரியும், பிலிப்பால் பத்தடி நடக்க முடியாது. அதனால் பிரின்சி துறைமுகத்துக்குத் தெற்கே உள்ள மீனவ ஊர்களை ஒவ்வொன்றாக விரலால் தள்ளிப் பார்த்தாள். வண்டி மணல் ஓரம்வரை போக வேண்டும். நிழல் வேண்டும். படகுத்துறையிலிருந்து ஆட்டோவில் அரை மணிக்குள் ஜோஸ்வா வந்து சேர வேண்டும். வீராம்பட்டினத்தில் கூட்டம் இருக்கும் என்றாள். பன்னித்திட்டு அவனுக்குத் தூரம். நல்லவாடு என்ற ஊரை யாரோ எடுத்துப் போட்டிருந்த படத்தில், படகுகளுக்குப் பக்கத்தில் ஒரு பூவரச மரம் தெரிந்தது. அந்த மரத்தை நம்பி ஊரை முடிவு செய்தார்கள்.

எதிர்வீட்டு ஆதிமூலத்திடம் ஆம்னி வேன் இருந்தது. பின்சீட்டைக் கழற்றிவிட்டு மெத்தை போடலாம் என்றான்.

"அக்கா, டாக்டராண்ட ஒரு வார்த்த கேட்டுட்டியா?"

"கேட்டா வேணாம்பாரு."

"அதான் கேக்கலியா?"

"அதான் கேக்கல."

சிலிண்டர் கணக்கு பிரின்சியுடையது. நிமிடத்துக்கு ரெண்டு லிட்டரில் வைத்தால் பதிமூன்று மணி நேரம் தாங்கும். ஏழரைக்குக் கிளம்பினால் பத்தரைக்கு அங்கே. ரெண்டரைக்குத் திரும்பினால் ஐந்தரைக்கு வீடு. மூன்று மணி நேரம் மிச்சமே இருக்கும். நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி இரண்டு முறை கோடு போட்டாள்.

மகனுக்குக் கொடுக்க வீட்டில் பெரிதாக ஒன்றுமில்லை. வெள்ளிமலைச் சந்தையில் வாங்கிய தேன் மூன்று பாட்டில் இருந்தது. கல்வராயன் மலைத் தேன் எப்போதும் பிராந்தி பாட்டிலில்தான் இறங்கி வரும். அந்தப் பக்கத்தில் அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மூன்று குவார்ட்டர் பாட்டிலையும் துண்டில் சுற்றிப் பையில் வைத்தாள் கிரேஸ்.

புதன்கிழமை சொன்ன நேரத்துக்குக் கிளம்பினார்கள். உளுந்தூர்பேட்டை தாண்டும்வரை பிலிப்பு தூங்கிக்கொண்டே வந்தான். விழுப்புரமும் போயிற்று. புதுச்சேரி எல்லைக்கு இந்தப் பக்கம் போலீஸ் வண்டியை மறித்தபோது மணி ஒன்பது நாற்பது.

"சொந்த வண்டின்னு எழுதியிருக்கு, வாடகைக்கு ஓட்டுறியா?" என்று கேட்டார் காவலர்.

"அக்கம்பக்கத்து ஜனம் சார். ஒடம்பு முடியாதவரு."

காவலர் பின்கதவைத் திறந்தார். மெத்தை, ஆள், சிலிண்டர். பிறகு பை. துண்டைப் பிரித்தார்.

"எந்த ஊரு?"

"தியாகதுருகம் பக்கம் சார்" என்றான் ஆதிமூலம்.

"கள்ளக்குறிச்சியா!" அவர் குரல் மாறிவிட்டது. "மலச் சாராயமா? கேஸ் சிலிண்டரு, நோயாளி, எல்லாம் ஜோடிச்சிக் கொண்டாந்திருக்கீங்க."

"தேனுங்க சார் அது" என்றாள் கிரேஸ்.

"தேன எவன் குவார்ட்டர் பாட்டில்ல கொண்டு போவான்?"

எங்கள் ஊரில் எல்லோரும் என்று சொல்ல வாயெடுத்தாள். சொன்னால் இன்னும் மோசமாகும் என்று தோன்றியது. காவலர் மூடியைத் திறக்கவும் இல்லை, விடவும் இல்லை. சார் வந்து பார்க்கட்டும் என்றார். சார் டீ குடிக்கப் போயிருந்தார். வேன் வெயிலில் நின்றது. உள்ளே பிலிப்பு எழுந்து உட்கார முயன்றான். காக்கிச் சட்டையைப் பார்த்ததும் அவனுக்கு மூச்சு ஏறி இறங்க ஆரம்பித்தது. உதடு நீலம் பூத்தது.

"அம்மா, நாலுல வெக்கிறேன்" என்று பிரின்சி குமிழைத் திருப்பினாள். நோட்டுக் கணக்கு அங்கேயே உடைந்தது.

கிரேஸ் காவலர் கையிலிருந்த பாட்டிலைப் பிடுங்கினாள். மூடியைப் பல்லால் கடித்துத் திறந்து உள்ளங்கையில் ஊற்றிக்கொண்டாள். மணிக்கட்டுவரை வழிந்தது. தான் ஒரு நக்கு நக்கிவிட்டு அந்தக் கையை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"நக்கிப் பாருங்க சார். போதை ஏறுச்சின்னா என்ன உள்ள தள்ளுங்க. எம் புருசன் செத்துக்கினு கெடக்கறாரு, இவரு பாட்டில பாத்துக்கினு நிக்கறாரு!"

பஸ்ஸுக்கு நின்ற இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். காவலர் நக்கவில்லை. குனிந்து முகர்ந்தார், வேனுக்குள் எட்டிப் பார்த்தார், பிலிப்பின் உதட்டைப் பார்த்ததும் பையைத் திருப்பிக் கொடுத்தார். "போம்மா, போம்மா. சீக்கிரம் போ." முப்பத்தைந்து நிமிடம் போயிருந்தது.

நல்லவாட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று. பூவரச மரம் இருந்தது. அதன் கீழே வலையைப் போட்டு நான்கு பேர் கிழிசல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குழாயையும் சிலிண்டரையும் பார்த்ததும் ஒருவர் வலையை இழுத்துக்கொண்டு வெயிலுக்கு நகர்ந்தார். ஆதிமூலம் வேனின் கதவு கடலைப் பார்க்கும்படி திருப்பி நிறுத்தினான்.

நாலு லிட்டருக்குக் கீழே குறைத்தால் பிலிப்புக்குத் தாங்கவில்லை. பிரின்சி மறுபடி கணக்குப் போட்டாள். "பன்னெண்டுக்குள்ள கெளம்பினா வூட்டுக்குப் போயிடலாம்மா. அதுக்கு மேல நின்னா வழியில தீர்ந்துடும்."

பதினொன்றரைக்கு ஜோஸ்வா கூப்பிட்டான். அலை ஜாஸ்தி, படகு கம்மி, பயணிகள் எல்லாரும் இறங்கின பிறகுதான் வேலையாட்களை விடுவார்கள் என்றான். கரைக்கு வரும்போது மணி ஒன்றாகிவிடும். "அப்பா எப்படி இருக்காரு?"

"நல்லாத்தான் இருக்காரு. நீ வா" என்றாள் கிரேஸ்.

ஆதிமூலம் புதுச்சேரியில் இரண்டு இடத்துக்குப் போன் போட்டான். ஒன்றில் எடுக்கவில்லை. இன்னொன்றில், காலி சிலிண்டரைக் கொடுத்தால்தான் நிறைத்தது தருவோம் என்றார்கள். இருக்கிற ஒன்றே ஒன்று பிலிப்பின் மூக்கில் மாட்டியிருந்தது.

"ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்மா" என்று பிரின்சி அழுதாள். "அண்ணன் அங்க வரட்டும்."

"உள்ள இஸ்துக்கினு போயி கதவ சாத்திடுவாங்க. பாக்கற நேரம் சாயங்காலம்பாங்க. அவன் கண்ணாடிக்கு வெளிய நின்னுட்டுக் கப்பலுக்குப் போவான். போன தடவ நீயும் நானும் நிக்கல?"

மணி பதினொன்று ஐம்பது. கிரேஸ் வேனுக்குள் ஏறி அவன் தலைமாட்டில் உட்கார்ந்தாள். அவளுக்கே பிடிக்காத ஒரு கேள்வியைக் கேட்க வேண்டியிருந்தது.

"ஏங்க. அவன் வர ஒன்னரை ஆவுமாம். அது வரைக்கும் இருந்தா திரும்பிப் போறதுக்குக் காத்து பத்தாது. இன்னா பண்ணலாம்?"

பிலிப்பு வேன் கதவின் விளிம்பைப் பிடித்தான்.

"இவ்ளோ தூரம்…" என்றான். மூச்சு வாங்கினான். "வந்துட்டு…" மறுபடியும். "எவன் திரும்புவான்."

ஆதிமூலம் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மரத்தடிக்குப் போனான்.

அந்த ஒன்றரை மணி நேரத்தை கிரேஸ் சிலிண்டர் மீட்டரின் முள்ளைப் பார்த்தே கழித்தாள். கண் எதிரே கிடந்த கடலை அவள் பார்க்கவில்லை. முள் நகர்வது தெரியாது, நகர்ந்திருப்பதுதான் தெரியும். பாதிக்கு வந்தது. பாதிக்குக் கீழே போனது. ஊர்க்காரர் ஒருவர் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். எந்த ஊர் என்று கேட்டார். சொன்னாள். "அங்க கடல் கெடையாதே" என்றார். "கெடையாதுங்க" என்றாள்.

ஒன்று இருபத்தைந்துக்கு ஆட்டோ வந்தது. ஜோஸ்வா அது நிற்பதற்குள் குதித்து ஓடிவந்தான். சட்டையில் சோப்புப் பவுடர் நெடி. வேனுக்குள் தலையை நுழைத்தவன் அப்பாவைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டான். வீடியோவில் முகத்தை மட்டும்தான் காட்டியிருந்தார்கள்.

பிலிப்புதான் முதலில் பேசினான். "இன்னாடா… வெளுத்துப் பூட்ட."

"வெயிலே படலப்பா. கீழ்த்தட்டுல வேல. ஜன்னலே கெடையாது."

"கடல்லயே… இருக்க."

"கடல இன்னிக்குத்தான் நல்லா பாக்கறேன். நீ பாத்தியா?"

பிலிப்பு கதவுப் பக்கம் கண்ணைத் திருப்பினான். "தண்ணி… ஜாஸ்தி" என்றான்.

எல்லோரும் சிரித்தார்கள். பிரின்சி சிரித்துக்கொண்டே வெளியே இறங்கிப் போய் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஜோஸ்வா அப்பாவின் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டான். வீங்கிய பாதத்தைப் பிடித்துவிட்டபடி கப்பல் கதை சொன்னான். ஒரு நாளைக்கு நாலாயிரம் துண்டு வெளுப்பதை, மடிக்கிற மெஷினை, அவனோடு தூங்கும் பிலிப்பைன்ஸ்காரனை. அவன் தேசத்தில் பாதிப் பேருக்கு உன் பேர் இருக்கும்போலப்பா என்றான். பிலிப்பு கேட்டுக்கொண்டே இருந்தான். கண்ணை மகன் முகத்தைவிட்டு எடுக்கவில்லை.

இரண்டு மணிக்குச் சற்று முன்பு ஜோஸ்வாவின் பார்வை சிலிண்டரில் விழுந்தது.

"இன்னாம்மா இது, முள்ளு இங்க இருக்குது?"

குனிந்து முள்ளை விரலால் தட்டிப் பார்த்தான்.

"இதுல ஊருக்கு எப்படிப் போவீங்க? பிரின்சி!"

பிரின்சி அம்மாவைப் பார்த்தாள்.

"நான் போவல" என்றான் ஜோஸ்வா. "கப்பல் போவட்டும். பேர் கெட்டாக் கெடட்டும். அப்பாவ ஆஸ்பத்திரியில சேத்துட்டுக் கூடவே இருக்கறேன்."

கிரேசுக்கு அவன் இருக்க வேண்டும் என்றுதான் இருந்தது. அவன் இருந்தால் தூக்க ஒரு ஆள், ஓட ஒரு ஆள், அழ ஒரு ஆள். ஆனால் கப்பலைத் தவறவிட்டவனை எந்தக் கப்பலிலும் ஏற்றமாட்டார்கள் என்று அவனே ஒரு தடவை சொல்லியிருக்கிறான். பிறகு கிரஷர்தான். அப்பன் நின்ற அதே இடத்தில், அதே மாவில். அந்தக் கிரஷர் முதலாளிக்கு ஜோஸ்வா என்று ஒருவன் இருப்பது நன்றாகத் தெரியும்.

"சிலிண்டருக்கு ஆதிமூலம் சொல்லி வெச்சிட்டான்டா" என்றாள். "வழியில கடை. ரொப்பி வெச்சிருக்காங்க. போற போக்குல மாத்திக்கினு போவ வேண்டிதான். இல்ல ஆதிமூலம்?"

மரத்தடியில் நின்ற ஆதிமூலம் ஒரு கணம் தடுமாறினான். "ஆமாங்க்கா. சொல்லியாச்சி. போன்லயே பேசிட்டேன்."

ஜோஸ்வா இருவர் முகத்தையும் பார்த்தான். நம்பினானா என்று தெரியவில்லை. நம்ப வேண்டும் என்று அவனுக்கும் இருந்திருக்கலாம்.

"நேரமாவுது, ஜெபம் பண்ணிட்டுப் போ" என்றாள்.

அவன் அப்பாவின் முன்னால் தலையைக் குனிந்தான். பிலிப்பு வலது கையைத் தூக்க முயன்றான். பாதியில் நின்றுவிட்டது. கிரேஸ் அவன் மணிக்கட்டைப் பிடித்து உயர்த்திக் கொடுத்தாள். அவன் கட்டைவிரலால் மகன் நெற்றியில் சிலுவை போட்டான். கோணலாக, மெதுவாக, மேலிருந்து கீழே, பிறகு குறுக்கே. போட்டு முடித்தும் விரலை எடுக்கவில்லை. கிரேஸ்தான் எடுத்தாள்.

தேன் பையைக் கொடுத்தபோது, குப்பியைப் பார்த்து கப்பலில் ஏற்றவிடமாட்டார்கள் என்றான் ஜோஸ்வா. திறந்த பாட்டிலிலிருந்து ஒரு விரல் எடுத்து வாயில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினான். இரண்டு பத்து.

ஆட்டோ தெருமுனை திரும்பியதும் கிரேஸ் கத்தினாள். "எடு வண்டிய! எந்த ஆஸ்பத்திரி பக்கமோ அங்க போ!"

பிரின்சி வழி சொல்லிக்கொண்டே வந்தாள். இடது, நேரே, பாலத்தில் ஏறு. ஆதிமூலம் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. அவசரப் பிரிவின் வாசலில் பிலிப்பை இறக்கியபோது முள் அடியில் படுத்துக்கிடந்தது. இரண்டு பேர் ஸ்டிரெச்சரைத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். சுவரில் பதித்த ஆக்சிஜன் குழாயை அவன் மூக்கில் மாட்டுவது தெரிந்தது. கதவு மூடியது.

இளம் டாக்டர் ஒருத்தி வெளியே வந்து கேட்டாள். "இந்த நெலமையில எதுக்கும்மா இவ்ளோ தூரம் கூட்டினு வந்தீங்க?"

"புள்ளயப் பாக்க."

"இனிமே இவர நகத்த முடியாது. அதுவும் ராத்திரி தாண்டணும்."

கிரேஸ் தலையாட்டினாள். தரையில் உட்கார்ந்தாள். தேன் காய்ந்து உள்ளங்கை பிசுபிசுத்தது, விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டின.

போன் அடித்தது. பின்னால் காற்றும் இன்ஜின் சத்தமும் கேட்டன. படகில் ஏறிவிட்டிருந்தான்.

"அம்மா, இன்னும் கொஞ்ச நேரத்துல டவர் பூடும். சிலிண்டர் மாத்தினீங்களா?"

கதவின் மேல் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"மாத்தியாச்சிடா" என்றாள் கிரேஸ். "பெரிய சிலிண்டரு. செவுத்துலயிருந்தே வருது. நீ வேலையப் பாரு."