வரலாற்றில் இல்லாத வாளி

1974 ஏப்ரலில் இங்கிலாந்து அரசாங்கம் ஒரே உத்தரவில் ப்ராக்ஹாம் ஊரக மாவட்டக் கவுன்சிலை ஒழித்துப் பக்கத்து டவுனோடு சேர்த்துவிட்டது. கவுன்சில் சாகும்போதும் சும்மா சாகவில்லை. தன் எண்பது வருஷப் பெருமையைப் புத்தகமாகப் போட்டுவிட்டுத்தான் கண்ணை மூடியது. எழுதியவர் கடைசி சேர்மன் செப்டிமஸ் கிராக்னெல். தன் முதுகைத் தானே தட்டிக்கொள்ளும் அளவுக்குக் கை நீளமான மனிதர்.

"மாவட்டம் முழுக்கப் பாதாளச் சாக்கடை வந்துவிட்டது. எடுப்புக் கக்கூஸ் ஒன்றுகூட மிச்சமில்லை" என்று அதில் எழுதியிருந்தார்.

ஒன்று மிச்சமிருந்தது. மேபல் ஹாக்ரிட்ஜின் வீட்டுக் கொல்லையில். சாக்கடைக் குழாய் கிராக்னெல் வீட்டு வாசல் வரை வந்து அங்கேயே களைத்து நின்றுவிட்டது. மேபல் வீடு அதற்கு அடுத்த வீடு. வாராவாரம் வண்டி வந்து அவள் வாளியை எடுத்துப் போகும். புது கவுன்சில்காரர்கள் புத்தகத்தைப் படித்தார்கள், நம்பினார்கள், வண்டியை நிறுத்திவிட்டார்கள்.

வாளி நிரம்பிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மகன் தான் கட்டிக்கொள்ளப்போகும் லண்டன் பெண்ணை முதல்முறையாகக் கூட்டி வருகிறான். அவள் வீட்டில் இரண்டு கக்கூஸாம். நினைத்தாலே மேபலுக்கு அவமானத்தில் உடம்பு எரிந்தது. பஸ் பிடித்து டவுன் ஆபீஸுக்குப் போனாள்.

சுகாதார அதிகாரி புத்தகத்தைப் புரட்டினார். "மேடம், உங்க பக்கம் எடுப்புக் கக்கூஸே கிடையாதே."

"அப்போ காலையில நான் எதுல உட்கார்ந்தேன்?"

"புத்தகத்துல அப்படி ஒண்ணு இல்லைங்க."

"புத்தகத்து மேல உட்கார முடியாது தம்பி. அட்டை கெட்டிதான், ஓட்டை இல்லையே!"

சனிக்கிழமை சர்ச் மண்டபத்தில் டீ, கேக்கோடு புத்தகத்துக்குப் பாராட்டு விழா. கிராக்னெல் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். மேபல் தள்ளுவண்டியில் வாளியை வைத்து, மேலே நல்ல மேஜைவிரிப்பைப் போட்டு, வரிசையில் நின்றாள். வரிசை தானாகக் கலைந்து வழிவிட்டது. அவள் வாளியைத் தூக்கிக் கேக்குக்குப் பக்கத்தில் வைத்து விரிப்பை எடுத்தாள்.

"ஒண்ணுகூட இல்லைன்னு எழுதியிருக்கீங்களே செப்டிமஸ், இதுக்குப் பேரு என்ன?"

"அய்யோ மேபல், மூடு! முதல்ல அதை மூடித் தொலை!"

"எதுக்கு மூடணும்? உங்க புத்தகப்படி இங்க ஒண்ணுமே இல்லையே!"

ஓரமாக நின்ற சுகாதார அதிகாரி வாயில் இருந்த கேக்கை முழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் தவித்தார். அன்று சாயங்காலமே வண்டி வந்தது.

லண்டன் பெண் வந்தாள், கொல்லைக்குப் போனாள், உயிரோடு திரும்பினாள், கல்யாணமும் நிச்சயமானது. அப்புறம் ஒருநாள் கிராக்னெல், திருத்தம் ஒட்டிய புத்தகம் ஒன்றை மேபலுக்கு அனுப்பினார். "திருமதி மேபல் ஹாக்ரிட்ஜின் வீடு நீங்கலாக."

மேபலுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவரை வேறு எங்கே திட்டலாம் என்று முதலிலிருந்து கடைசிவரை படித்தாள். சேர்மன்கள், இன்ஜினியர்கள், தீயணைப்பு வண்டி இழுத்த டியூக் என்ற குதிரை எல்லோரும் பேரோடு இருந்தார்கள். பெண் என்று அவள் ஒருத்திதான்.

"எண்பது வருஷத்துல ஒரு பொம்பளை பேரு உள்ள போக, வாளியைத் தூக்க வேண்டியிருக்கு" என்றாள் மருமகளாக வரப்போகிறவளிடம்.

புத்தகத்தைக் கொல்லைக் கக்கூஸில், துடைக்கக் காகிதம் மாட்டும் ஆணியில் மாட்டினாள். பக்கங்கள் ஒவ்வொன்றாகப் பயன்பட்டன. சேர்மன்கள் போனார்கள், இன்ஜினியர்கள் போனார்கள். குதிரை இருந்த பக்கத்தையும் தன் பக்கத்தையும் மட்டும் அவள் கிழிக்கவில்லை.