இரண்டு தண்ணீரில் ஒரு கலியாண எழுத்து

இருபது பாகை என்பது வெப்பநிலை அன்று. அது ஒரு மனிதனின் ஒழுக்கம். அந்த ஒழுக்கம் கொழும்பு மாநகரில் ஒரேயொரு இடத்தில்தான் பேணப்பட்டு வந்தது: வெள்ளவத்தையில், கடலை நோக்கி இறங்கும் ஓர் ஒழுங்கையில், மூன்றாம் மாடிக் குளியலறையில். பேணியவன் சயந்தன். வெளியே நிழலிலேயே முப்பத்திரண்டு பாகை. உள்ளே அவன் கறுப்பு வெள்ளைப் பிலிம் கழுவும் மருந்தை ஐஸுக்குள் உட்கார்த்தி, வெப்பமானி இருபதுக்கு இறங்கும்வரை மூச்சைக்கூட அளந்துதான் விடுவான். மூச்சிலும் சூடு இருக்கிறதல்லவா.

அவனுடைய கம்பஸ் தோழி நிம்றா கொம்பனித்தெருக்காரி. அவளும் பிலிம் கழுவுகிறவள்தான். ஆனால் மருந்தை இரண்டாகப் பிரித்து, ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு குளியலில் கழுவுவாள். குழாய்த் தண்ணீர் என்ன சூட்டில் வருகிறதோ அந்தச் சூட்டில். அவள் வீட்டு வெப்பமானி காய்ச்சலுக்கு மட்டும்தான். இதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து சயந்தன் அவளை நோயாளியைப் பார்ப்பதுபோலப் பார்த்தான்.

"ரெண்டு தண்ணியில கழுவுறது அரிசியை. பிலிமை இல்லை" என்று அக்கா ரூபிகாவின் முன்னால் ஒருமுறை சொன்னான். அக்கா சிரித்துவிட்டாள். அதனால் போகிற இடமெல்லாம் சொன்னான்.

நிம்றா கோபிக்கவில்லை. "ஒரே மருந்துல கழுவினா அது புஃபே. பேராசக்காரன் போட்டுப் போட்டுத் திம்பான், வெக்கப்படுறவளுக்கு ஒண்டும் மிஞ்சாது. ரெண்டு குளியல் எண்டா சோத்துப் பார்சல். ஆளுக்கு ஒண்டு. அவன் முடிச்சிட்டு சும்மா இருப்பான், அவ ஆறுதலா சாப்பிடுவா" என்றாள். பேராசைக்காரன் படத்தில் வெளிச்சம் விழுந்த இடம். வெட்கப்படுகிறவள் இருட்டான இடம். முதற் குளியலில் பிலிம் தன் பார்சலை உறிஞ்சிக்கொள்ளும். சலவைச் சோடா கரைத்த இரண்டாம் குளியலில் உட்கார்ந்து அதைச் சாப்பிடும். நடுவில் மட்டும் தண்ணீர் காட்டக்கூடாது, காட்டினால் பார்சல் போய்விடும். இவ்வளவையும் விளக்கி, இரண்டு போத்தல்களையும் கரைத்து அவன் கையில் கொடுத்தாள். கலையைச் சோறாக்கிவிட்டாளே என்று சயந்தன் வருந்தினான். குளியலறைக் கதவு கடற்காற்றுக்கு அடித்துக்கொண்டிருந்ததால் போத்தல்களைக் கதவுக்கு முட்டுக் கொடுத்தான்.

இப்படியிருக்கையில் ரூபிகாவுக்கு எழுத்து வந்தது. கோயிலில் தாலி ஏறுவது தை மாதம். அதற்கு முன்னால் பதிவாளரை வைத்துக் கையெழுத்துப் போடுகிற சின்னச் சடங்கு. மாப்பிள்ளை சாந்தனின் வீடு கொட்டாஞ்சேனையில். இடம் அந்த வீட்டு மொட்டைமாடி. நல்ல நேரம் வந்து விழுந்தது உச்சி வெயிலில். படம் எடுப்பவன் தானே, அதுவும் பிலிமில்தான் என்று சயந்தன் அறிவித்தான். அறிவித்ததோடு நிற்கவில்லை. ஒரு புனிதமான நிமிடத்தைப் போனுக்குள்ளால் பார்ப்பது நாகரிகமன்று என்று சொல்லி, படியடியில் பிஸ்கட் டின்னுடன் நின்று எல்லோருடைய போனையும் வாங்கிப் போட்டு மூடினான். சாந்தனின் அம்மாவினதும் போயிற்று. பதிவாளர் மட்டும் அரசாங்கக் கடமையைக் காட்டித் தப்பினார்.

ரூபிகா பால்வெள்ளைப் பட்டு. சாந்தன் கறுப்புக் கோட். சூரியன் தலைக்கு நேரே வந்து, சாட்சிக் கையெழுத்துப் போட வந்ததுபோல நின்றது. சயந்தன் மூன்று றோல் எடுத்தான்.

மறுநாள் முதல் றோலுக்கு ஐஸ் தேடினால், பிறிட்ஜின் மேல்தட்டு முழுக்க அம்மாவின் அறக்குளா மீன். கீழே கடையில் பிள்ளைகள் உறிஞ்சுகிற ஐஸ் பைக்கற் இருந்தது. பச்சை நிறம் மட்டும். இருந்த அத்தனையையும் வாங்கி வந்து பேசினில் குவித்து நடுவில் மருந்தை வைத்தான். மருந்து இருபதைத் தாண்டிக் கீழே இறங்கிப் பதினைந்துக்குப் போய்விட்டது. ஒழுக்கமானவன் பதறமாட்டான். குளிருக்கு ஏற்றபடி நேரத்தைக் கூட்டிக் கணக்குப் பார்த்து, பிலிம் டாங்கில் மருந்தை ஊற்றினான். ஊற்றிய கையோடு நிம்றாவுக்குப் போன் எடுத்து, ஒரு கையால் டாங்கை ஆட்டியபடி, கட்டுப்பாடு என்றால் என்னவென்று விளக்கத் தொடங்கினான். விளக்கம் நீண்டது. பைக்கற்றுகள் வெடித்துப் பச்சைச் சீனிப்பாணி பேசினில் நிறைந்தது. மருந்து கொழும்புச் சூட்டுக்கு ஏறிவிட்டது. கூட்டிய நேரம் மட்டும் கூட்டியபடியே இருந்தது. பேராசைக்காரன் போட்டுப் போட்டுத் தின்றான்.

காய்ந்த பிலிமைக் கணினியில் ஏற்றிப் பார்த்தபோது வெள்ளைப் போர்வையொன்றின் மேல் ஒரு தலை. பக்கத்தில் கறுப்பு ஓட்டையொன்றின் மேல் இன்னொரு தலை. பேயும் அதன் நிழலும் விவாகப் பதிவுக்கு வந்திருந்தன. நடுவில் பதிவாளரின் வழுக்கை இரண்டாவது சூரியனாக உதித்திருந்தது.

ரூபிகா திரையை நெடுநேரம் பார்த்தாள். பிறகு தம்பியின் பச்சை விரல்களைப் பார்த்தாள்.

"சாந்தன் வீட்டு மாமி ரெண்டு தரம் கேட்டிட்டா. பின்னேரம் படம் பாக்க வாறா. மிச்சமும் இப்பிடித்தான் எண்டா, நான் சாகுமட்டும் அந்த வீட்டில 'போன் பறிச்சவன்ர அக்கா'தான்டா."

அவள் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் அவனுக்கு இலகுவாக இருந்திருக்கும்.

சயந்தன் குளியலறைக்குப் போனான். கொஞ்ச நேரத்தில் கதவு தானாகச் சாத்திக்கொண்டது. முட்டுக் கொடுக்க அங்கே இப்போது ஒன்றுமில்லை.

வெளிச்சம் புகாத கறுப்புப் பைக்குள் கையை விட்டு இரண்டாவது றோலை டாங்கில் சுற்றினான். நிம்றாவின் முதல் போத்தலை ஊற்றினான். வெப்பமானி பச்சைப் பாணியில் ஒட்டிக் கிடந்தது. அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. மருந்தைத் திரும்பப் போத்தலில் வடித்ததும், பழக்கப்பட்ட கை குழாயைத் திறக்கப் போயிற்று. பாதியில் பிடித்துக்கொண்டான். பார்சல். உள்ளே பார்சல் இருக்கிறது. கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு கணம் நின்றுவிட்டு, இரண்டாவது போத்தலைத் திறந்தான்.

எல்லாம் முடிந்து பிலிமை யன்னல் வெளிச்சத்தில் பிடித்தபோது, கறுப்பும் வெள்ளையும் தலைகீழாக இருந்தும் விளங்கியது. சேலையின் கொய்யகம் மடிப்பு மடிப்பாக நின்றது. கோட்டுக்குப் பொத்தான்கள் இருந்தன. பொக்கற்றில் மடித்துச் செருகிய லேஞ்சியும் இருந்தது. பின்வரிசையில் சாந்தனின் அம்மா மணமக்களை விட்டுவிட்டுப் பிஸ்கட் டின்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சயந்தனுக்குச் சிரிப்பு வந்தது. ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு, குளியலறைக்குள்ளேயே சத்தமில்லாமல் இரண்டு துள்ளுத் துள்ளினான். பிறகு மூன்றாவது றோலைச் சுற்றி, அதே முதல் போத்தலை மறுபடி ஊற்றினான்.

கதவு தட்டப்பட்டது.

"டேய் தம்பி, மாமியாக்கள் படியேறுகினம். உள்ளுக்கு என்ன செய்யிறாய்?"

மருந்து போத்தலுக்குள் வடிகிற சத்தம் கேட்டது.

"அரிசி கழுவுறன்."

வெளியே அக்காவின் வளையல்கள் கதவில் உரசின.

"எத்தினை தண்ணியில?"

சயந்தன் இரண்டாவது போத்தலின் மூடியைத் திருகினான்.

"ரெண்டில" என்றான், மிக மெதுவாக.