போடியாரின் நெஞ்சுப் படம்

“சளியில கிருமி இருக்கு” என்று சுகாதாரப் பரிசோதகரான பீ.எச்.ஐ. நிதுர்ஷன் சொன்னதும் அன்னப்பூரணியின் கையிலிருந்த தட்டு சரிந்து, தேநீர் முழுவதும் போடியாரின் வெள்ளை வேட்டியில் கொட்டியது. கொதிக்கக் கொதிக்க ஊற்றிய தேநீர். சீனித்தம்பிப் போடியார் துள்ளி எழும்பவில்லை, மனைவியை ஏசவும் இல்லை.

படுவான்கரையில் அந்த ஊர் வட்டை வயல்களில் பாதி அவருடையது. கோயிலில் நிர்வாகம் பார்க்கும் வண்ணக்கர், கிராம அபிவிருத்திச் சங்கத்தில் தலைவர், பள்ளிக்கூட விழா என்றால் நடுக்கதிரை. இளைய மகளுக்கு ஆவணியில் கலியாணம் வேறு நிச்சயமாகியிருந்தது. அப்படிப்பட்ட வீட்டு ஹோலுக்குள் வந்திருந்து காசநோய் என்ற சொல்லைச் சொல்ல நிதுர்ஷன் வழி முழுக்க ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருந்தான். சொல்லி முடித்த நிம்மதியில் இப்போது முகத்தைத் துடைத்தான்.

பக்கத்தில் இருந்த வதனி மட்டும் போடியாரை வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். காசநோய் கண்டுபிடிக்கும் திட்டத்தின் எக்ஸ்ரே வண்டியோடு ஊர் ஊராகப் போகிற ரேடியோகிராபர் அவள். பன்னிரண்டு வருடச் சேவை. நோயாளியின் வீட்டாரையும் வண்டிக்கு அழைக்க வேண்டும் என்பதால் கூட வந்திருந்தாள். முகத்தை மறந்தாலும் நெஞ்சை மறக்கமாட்டாள் என்று கூட வேலை செய்கிறவர்கள் அவளைப் பகிடி பண்ணுவார்கள். இந்த முறை அவள் முகத்தையும் மறக்கவில்லை. தான் படம் எடுத்த சீனித்தம்பி இவர் இல்லை.

மூன்று நாளுக்கு முன் பள்ளிக்கூட வளவில் முகாம் நடந்தது. நாடா வெட்டித் திறந்து வைத்தவர் போடியார். இருமலை மறைக்காதீர்கள், வெட்கப்படாமல் நெஞ்சைக் காட்டுங்கள் என்று நாற்பது நிமிடம் பேசினார். இடையில் மூன்று தரம் ஒலிவாங்கிக்குள்ளேயே இருமினார். வதனி அந்நேரம் வண்டிக்குள் இயந்திரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்ததால் குரலை மட்டும்தான் கேட்டாள்.

முதல் படம் தலைவருடையது என்று சங்கத்துப் பலகையில் எழுதியே தொங்கவிட்டிருந்தார்கள். முதலாம் இலக்கத் துண்டோடு ஏறி வந்த மனிதர் பெயரை இரண்டு தரம் கேட்டபிறகுதான் வாய்க்குள் சொன்னார். கதிரையில் இருக்கச் சொன்னால் இருக்கவில்லை. தோளைப் பிடித்து எக்ஸ்ரே தட்டோடு அணைத்து நிறுத்தப் போனபோது, “தொடாதீங்க மிஸ்” என்று ஒடுங்கினார்.

“தொடாம எடுக்கிற மிஷின் இன்னும் வரல்ல ஐயா” என்றாள் வதனி. ஐயா என்ற சொல்லைக் கேட்டதும் அந்த மனிதர் தனக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தார்.

படம் திரையில் விழுந்தது. வலது நெஞ்சின் மேற்பக்கத்தில் ஒரு பெரிய ஓட்டை. வதனி ஒன்றும் காட்டிக்கொள்ளாமல் சளி எடுக்கும் போத்தலைக் கொடுத்து அனுப்பினாள். அந்தப் போத்தல் சளியின் சோதனை முடிவைத்தான் இப்போது நிதுர்ஷன் வாசித்திருக்கிறான்.

நடந்தது என்னவென்று வதனிக்கு விளங்க அதிக நேரம் பிடிக்கவில்லை. போடியாருக்கு இரண்டு மாதமாக இருமல். படத்தில் ஏதும் தெரிந்தால் கலியாணம் குழம்பும். படம் எடுக்காமல் விட்டால் ஊர் முணுமுணுக்கும். ஆகவே ஆளை மாற்றி அனுப்பியிருக்கிறார். பதிவு மேசையில் இருந்தவர்கள் சங்கத்துப் பிள்ளைகள். அவர்கள் வாய் திறப்பார்களா?

இது நீங்கள் இல்லையே என்று நேரே கேட்கலாம். கேட்டால், உங்கட வண்டியிலதான் போத்தல் மாறியிருக்கும் என்று மனிதர் பழியைத் தூக்கி இவர்கள் தலையில் போட்டுவிடுவார். அந்த ஓட்டை நெஞ்சுக்காரர் எங்கேயோ மூட்டை தூக்கி, இருமி, பிள்ளைகளுக்குப் பக்கத்தில் படுத்துச் சீக்கிரமே செத்துப்போவார். பெயரைப் போடியாரின் வாயாலேயே எடுக்க வேண்டும். வதனி முகத்தில் நிறைய இரக்கத்தை வரவழைத்துக்கொண்டாள்.

ஐயா பயப்பட வேண்டாம், இது மாற்றக்கூடிய வருத்தம்தான் என்று தொடங்கினாள். ஆறு மாதம் குளிசை விழுங்க வேண்டும், ஒரு நாளும் விடக்கூடாது, அதையும் தினம் ஒருவர் கண்முன்னால் விழுங்க வேண்டும். சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும், பார்த்துப் பதறக்கூடாது. சுருட்டைத் தொடவே கூடாது. அவள் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. சொல்ல வேண்டிய ஆளுக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான். சுருட்டு என்றதும் போடியாரின் கை தன்னையறியாமல் மடியைத் தடவிப் பார்த்தது.

“மறுகா, இந்த வீட்டில ஒண்டா இருந்து பழகினாக்கள்ட பேரும் வேணும். அவங்களயும் கூப்பிட்டுப் படம் எடுக்கணும்” என்றாள்.

அன்னப்பூரணி மூக்கைச் சீறிக்கொண்டே விரல் மடித்தாள். முதலில் தான், அடுத்தது மகள். பிறகு போன வெள்ளிக்கிழமை வந்து இந்த ஹோலிலேயே பாய் விரித்துச் சாப்பிட்டு, பின்னேரம் வரை கதைத்துவிட்டுப் போன மாப்பிள்ளை வீட்டார் ஒன்பது பேர். மாப்பிள்ளையின் தகப்பன் பெயரிலிருந்து அவள் தொடங்க, நிதுர்ஷன் கொப்பியை விரித்து ஒன்று என்று இலக்கமிட்டான்.

“எழுதாத தம்பி” என்றார் போடியார். “அது என்ட சளி இல்ல.”

“படம்?” என்று கேட்டாள் வதனி.

“படமும் இல்ல.”

“சீனித்தம்பி எண்டுதானே கிடக்கு ஐயா.”

“பேர் என்ட. நெஞ்சு வேற ஆள்ட.”

நிதுர்ஷனின் பேனை நின்றது. யாருடைய நெஞ்சு என்று வதனி மெதுவாகக் கேட்டாள். அரசாங்கத்தை ஏமாற்றினேன் என்று ஒத்துக்கொண்டவருக்கு ஒரு மனிதனின் பெயரைச் சொல்ல நா எழவில்லை. கடைசியில் எதிர்ச்சுவரைப் பார்த்து, “கோணாமலை” என்றார்.

கோணாமலை அவருடைய முல்லைக்காரன். வயலிலேயே வாடி போட்டுத் தங்கி, விதைப்பு முதல் சூடடிப்பு வரை வேளாண்மையைப் பார்ப்பவன். வாய்க்காலுக்கு அப்பால் இருக்கிற குடிசை வரிசையில் பிறந்தவன். அந்த வரிசையில் பிறந்தவர்கள் கோயிலில் வெளிமதிலோடு நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை வண்ணக்கர் என்ற முறையில் கட்டிக் காப்பதே நம் போடியார்தான். ஆனாலும் நெஞ்சு வேண்டுமென்று வந்தபோது அவர் தன் சொந்தக்காரர் ஒருவரையும் தேடவில்லை. இரண்டு மூட்டையை ஒரே தூக்கில் தூக்குகிறவன், அவனுடைய நெஞ்சு கட்டாயம் நல்ல நெஞ்சாகத்தான் இருக்கும் என்று பார்த்துப் பொறுக்கியிருக்கிறார். இருமுகிறவனை வட்டையில் வைத்திருக்கமாட்டார்கள் என்று பயந்து அவன் மூன்று மாதமாக இருமலை விழுங்கிக்கொண்டு திரிந்தது அவருக்கு எப்படித் தெரியும்?

அன்னப்பூரணி அழுகையை நிறுத்திப் புருசனை ஏற இறங்கப் பார்த்தாள்.

“முப்பது வருஷமா அந்த மனிசன வாசப்படி ஏற விடல்ல” என்றாள். “உங்கட பேருக்குள்ள மட்டும் ஏத்தி வச்சிருக்கிறீங்க.”

வதனிக்குச் சிரிப்பு வந்து அதை அடக்கக் கூரையைப் பார்க்க வேண்டியிருந்தது. ஆனால் அடுத்த நிமிடம் சிரிப்பு போய்விட்டது. முகாமில் படம் எடுத்தவர்களின் பட்டியல் அவளுடைய பையில் இருந்தது. நூற்றெண்பது பேர். வாய்க்காலுக்கு அப்பாலிருந்து எத்தனை பேர் என்று நிதுர்ஷனைத் தேடச் சொன்னாள். ஒருவரும் இல்லை. துண்டு கொடுத்தது யார்? சங்கம். அவர்களும் வந்தால் மற்றவர்கள் வண்டியில் ஏறமாட்டார்கள் என்று யோசித்துத்தான் விட்டோம் என்றார் போடியார், பெரிய நிர்வாக நுட்பத்தை விளக்குகிறவர் மாதிரி. வதனிக்கு உள்ளங்கால் வரை பற்றி எரிந்தது. நோய் அதிகம் இருக்கக்கூடிய வரிசையை விட்டுவிட்டு அவள் ஒரு பகல் முழுவதும் படம் எடுத்திருக்கிறாள். அங்கிருந்து வந்த ஒரே நெஞ்சும் இவருடைய களவினால்தான் வந்து சேர்ந்தது.

நிதுர்ஷன் மோட்டார்சைக்கிளில் போய்க் கோணாமலையைக் கூட்டி வந்தான். கோணாமலை வழக்கம்போலப் பின்வளவு முருங்கைமரத்தடியில் போய் நின்றான். வதனி அங்கேயே போய் முகக்கவசத்தைக் கொடுத்து, விசயத்தைச் சொன்னாள். அவன் தன்னைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. பிள்ளைகளுக்கும் வந்திருக்குமா என்றுதான் கேட்டான். நாளைக்கு வண்டி உங்கள் வரிசைக்கே வரும் என்றாள் அவள். அங்கே பாதை சரியில்லை என்று பின்கதவில் நின்று போடியார் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை.

பதிவில் இருக்கிற பெயரை என்ன செய்வது என்று நிதுர்ஷன் தலையைச் சொறிந்தான். அந்தத் தாளைக் கிழித்துவிட்டு, இவன் இன்றைக்குத்தான் வந்தவன் என்று புதிதாக எழுதினால் போச்சு, பழைய கதை எதற்கு என்றார் போடியார்.

கோணாமலை தலை நிமிரவில்லை. “கிழிக்கத் தேவல்ல மிஸ். நெஞ்சு என்ட. அதே தாளில பேர வெட்டிட்டு என்ட பேர எழுதுங்க” என்றான்.

நிதுர்ஷன் வெட்டி எழுதி, வெட்டிய இடத்தில் கையொப்பமும் வைத்தான்.

அடுத்தது குளிசை. ஆஸ்பத்திரி தூரம். பக்கத்தில் இருக்கிற பொறுப்பான ஒருவர் தினமும் பார்த்து அட்டையில் குறிக்க வேண்டும்.

“நான் பாக்கிறன்” என்றாள் அன்னப்பூரணி. “காலம ஏழு மணிக்கு வரட்டும்.”

பின்வளவுக்குத்தானே என்று போடியார் உறுதி செய்துகொள்ளப் பார்த்தார்.

“முன்வாசலால வரட்டும். ஹோலில இருந்து குடிக்கட்டும்.”

நோய் பரவுமே என்று அவர் திடீரென்று சுகாதாரம் பேசினார். ஹோலுக்கு நாலு ஜன்னல் இருக்கு, திறந்து வைத்து, முதல் இரண்டு கிழமைக்கு முகக்கவசம் போட்டால் சரி என்றாள் வதனி. போடியார் கடைசியாகக் குரலை உயர்த்தி, “என்ட வீட்டுக்க இது நடக்காது” என்றார்.

“ஆர்ட வீடு?” என்று கேட்டாள் அன்னப்பூரணி.

படுவான்கரையில் வீடு பெண்ணுக்குத்தான். ஆம்பிளை கட்டின வேட்டியோடு பெண்வீட்டுக்கு வந்து குடியிருப்பான். அன்னப்பூரணியின் தாய் அவளுக்குச் சீதனமாக எழுதின வீடு அது. வட்டையில் பாதி போடியாருடையதாக இருக்கலாம், அந்தக் கூரையில் ஓர் ஓடுகூட அவருடையதல்ல. முப்பத்திரண்டு வருடமாக யாரும் ஞாபகப்படுத்தாததால் மறந்திருந்தார். இப்போது ஞாபகம் வந்தது.

மறுநாள் வண்டி வாய்க்காலைத் தாண்டிப் போய் ஐம்பத்தேழு பேரைப் படம் எடுத்தது. கோணாமலையின் இரண்டாவது மகளுக்கும் நெஞ்சில் சிறு நிழல் இருந்தது, முற்றவிடாமல் பிடித்துவிட்டார்கள். ஐம்பத்தெட்டாவது ஆளாக அன்னப்பூரணி தன் புருசனைக் கொண்டுவந்து வரிசைக் கடைசியில் நிறுத்தினாள். படம் துப்புரவாக இருந்தது. இருமல் சுருட்டால் வந்ததுதான் என்று பிறகு டாக்டரும் சொன்னார். தனக்கு ஒன்றுமில்லை என்று முத்திரை குத்தி ஒரு கடிதம் தரச் சொல்லிப் போடியார் வதனியைக் கேட்டார்.

“தரலாம் ஐயா” என்றாள் வதனி. “அது உங்கட நெஞ்சுதான் எண்டு ஆர் நம்புவாங்க?”

ஆவணியில் கலியாணம் ஒரு குறையும் இல்லாமல் நடந்தது. அதற்கு அடுத்த கிழமை அட்டை சரியாகக் குறிக்கப்படுகிறதா என்று விசாரிக்க வதனி தொலைபேசி எடுத்தாள். அன்னப்பூரணி உற்சாகமாகக் கதைத்தாள். கோணாமலை ஏழு மணிக்குத் தவறாமல் வருகிறான், ஹோலில் கதிரையில் இருந்து நாலு குளிசையும் விழுங்குகிறான், ஆள் கொஞ்சம் தேறியும் விட்டான்.

போடியார் எப்படி என்று வதனி கேட்டாள். அவன் இருக்கிற ஹோலில் தானும் இருந்தால் மரியாதை போய்விடுமாம். அதனால் ஏழு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே தேநீரைத் தூக்கிக்கொண்டு பின்வளவுக்குப் போய்விடுகிறாராம். கோணாமலை போகும்வரை அங்கே முருங்கைமரத்தடியில் நின்றபடிதான் குடிக்கிறாராம்.

“இன்னும் நாலு மாசம் கிடக்கே அக்கா. மாரி தொடங்கினா என்ன செய்வார்?”

“குடை எடுத்து வச்சிருக்கன்” என்றாள் அன்னப்பூரணி.